கிளினிக்கை மாற்ற ஜனவரி வரை காத்திருக்கச் சொல்லாதீர்கள்

எங்கள் மருத்துவக் காப்புறுதித் திட்டத்தை நடத்தும் பொறுப்பாளர்களுக்கும், அதில் எங்களைச் சேர்த்துவிட்ட தலைமை அலுவலக மனிதவளப் பிரிவினருக்கும்,

வணக்கம்.

போன வாரம் உங்கள் பதில் கிடைத்தது. மகளின் மருந்துச் செலவு 4,850 ரூபாவைத் தர முடியாது, ‘பதிவுசெய்யப்பட்ட சிகிச்சை நிலையம் அல்ல’ என்று ஒரே வரியில் எழுதியிருந்தீர்கள். இந்த ஆண்டில் எனக்கு வந்த மூன்றாவது மறுப்பு இது. காசு ஒரு பக்கம் இருக்கட்டும். திருகோணமலை மாவட்டத்தில் வேலை செய்யும் எங்களில் வேறு பலருக்கும் இதே வரி வந்திருக்கிறது. அதனால்தான் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

ஒவ்வொருவரும் ஒரு கிளினிக்கில் பதிந்திருக்க வேண்டும், அங்கே காட்டினால்தான் செலவு கிடைக்கும் என்பது உங்கள் விதி. கேட்பது ஒன்றுதான். உறுப்பினர் தன் வெளிநோயாளர் கிளினிக்கைத் தேவைப்படும்போது மாற்றிக்கொள்ள விடுங்கள். ஜனவரியில் மட்டும்தான் மாற்றலாம் என்ற விதியை எடுத்துவிடுங்கள்.

என் விஷயம் உங்கள் கோப்பில் இருக்கிறது. கிளினிக்கை மாற்றக் கடைசி நாள் ஜனவரி 31. மூதூருக்கு இடமாற்றம் என்ற கடிதம் என் கைக்கு வந்தது பெப்ரவரி 17. என்னை மாற்றியது நீங்கள்தான். இரண்டு வாரத்துக்கு முன்னால் அதை நான் எப்படி அறிந்திருக்க முடியும்? மார்ச்சில் படிவம் நிரப்பி அனுப்பினேன். பழைய கிளினிக்கிடமிருந்து விடுவிப்புக் கடிதம் வேண்டும் என்று திருப்பி அனுப்பினீர்கள். அரை நாள் லீவு போட்டுத் திருகோணமலைப் பட்டினத்துக்குப் போய்க் கேட்டேன். அங்கே துண்டு எழுதும் தங்கச்சி மேசை லாச்சியெல்லாம் தேடிப் பார்த்துவிட்டு, “அண்ணா, இப்படி ஒரு கடிதம் நாங்க ஒருத்தருக்கும் குடுத்ததில்லையே” என்றா. பாவம், அவ மேல் பிழையில்லை. கடைசியில் வைத்தியரே வெள்ளைத் தாளில் இரண்டு வரி எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். அதை அனுப்பிய பிறகுதான், எப்படியும் அடுத்த ஜனவரிவரை மாற்ற முடியாது என்று சொன்னீர்கள். அப்படியென்றால் அந்தக் கடிதத்துக்கு என்னை ஏன் அலைய வைத்தீர்கள்?

மகளுக்கு ஆறு வயது. முட்டு வருத்தம், அதாவது ஆஸ்துமா. ஜூலையில் ஓர் இரவு பதினொன்றரைக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுபட்டதைப் பார்த்ததும் மூதூர் ஆதார வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நெபுலைஸர் பிடித்து, விடியும்வரை வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். எந்த ஊர், எங்கே பதிவு என்று ஒரு கேள்வி இல்லை, ஒரு சதமும் வாங்கவில்லை. தினமும் இன்ஹேலர் எடுக்க வேண்டும், மாதம் ஒருமுறை ஒரே வைத்தியரிடம் காட்டி அளவைச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அந்த ஒரே வைத்தியர் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கிறார். ஆனால் உங்கள் கணக்கில் எங்கள் கிளினிக் திருகோணமலைப் பட்டினத்தில் இருக்கிறது. சரி, விதிப்படியே நடப்போம் என்று ஆகஸ்டில் அவளைப் பட்டினத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கிண்ணியா வழியாகப் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல். யன்னலைத் திறந்தால் தூசி, மூடினால் புழுக்கம். இன்ஹேலரைப் பொருத்தி இழுக்கும் அந்தப் பிளாஸ்டிக் குழாயை மடியிலேயே வைத்திருந்தாள். ஐந்தரைக்கு இலக்கம் எடுத்தோம். வைத்தியர் வர ஏழு மணியாகிவிட்டது. பார்த்தது ஐந்து நிமிடம். திரும்பிவர பஸ் இல்லை. ஓட்டோவுக்குக் கொடுத்த காசில் மூதூரில் ஒரு தடவை காட்டி மருந்தும் வாங்கியிருக்கலாம். கிண்ணியாப் பாலத்தில் வரும்போது தோளில் சாய்ந்தபடி கேட்டாள்: “அப்பா, நம்மட ஊர் டொக்டரிட்டயே காட்டலாமே?” அவளுக்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.

என் அப்பாவின் காலத்தில் மூதூரிலிருந்து பட்டினத்துக்கு லாஞ்சில் கொட்டியாரக் குடாவைக் கடந்து போவார்கள். தரைவழி என்றால் துறைகளில் பாதைக்கு, அதாவது ஆளையும் வாகனத்தையும் அக்கரை சேர்க்கும் மிதவைக்கு, காத்துக் கிடக்க வேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் வந்தது, பிறகு மற்றப் பாலங்களும் வந்தன. அதற்காக, மூச்சு வாங்கும் பிள்ளையோடு மாதாமாதம் அந்த வழியைக் கடப்பது சின்ன விஷயம் என்று கொழும்பிலிருந்து பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள். இந்த மாவட்டத்தில் 11 பிரதேச செயலாளர் பிரிவுகள் இருக்கின்றன. உங்கள் பட்டியலில் இருக்கும் மூன்று கிளினிக்குகளும் பட்டினமும் சூழலும் என்ற ஒரே பிரிவுக்குள் இருக்கின்றன. வெருகலில் இருப்பவரும் புல்மோட்டையில் இருப்பவரும் தடிமன் காய்ச்சலுக்கும் அங்கேதான் வர வேண்டும். சந்தா மட்டும் எல்லோர் சம்பளத்திலும் ஒரே அளவு வெட்டப்படுகிறது.

தூரம் மட்டும் காரணமில்லை. கிண்ணியாவில் இருக்கும் ஒரு சக ஊழியர் பெண் வைத்தியரிடம் காட்ட விரும்புகிறார். மாற்றுவதற்கான காரணத்தை எழுது என்கிறது படிவம். அதுவும் ஆங்கிலத்தில். அந்தப் படிவம் மேலாளர், மனிதவளம், காப்புறுதி என்று மூன்று மேசை தாண்டிப் போகும். தன் உடம்பைப் பற்றிய ஒரு விஷயத்தை முன்பின் தெரியாத மூன்று பேருக்கு எழுதிக் கொடுக்க மனமில்லாமல் அவர் சொந்தக் காசில் காட்டிக்கொண்டிருக்கிறார். 1987இலிருந்து தமிழும் இந்த நாட்டின் ஆட்சிமொழி. தமிழில் ஒரு படிவம் அடிக்க எவ்வளவு செலவாகும்? படிவங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இந்த மடல் முடியாது, விட்டுவிடுகிறேன்.

உங்கள் பக்கத்துக் கஷ்டம் எனக்கு விளங்காமல் இல்லை. கிளினிக்குக்கு ஆளுக்கு இவ்வளவு என்று முற்பணமாகக் கட்டுகிறீர்கள். இடையில் ஆள் மாறினால் கணக்குக் குழம்பும் என்று தொலைபேசியில் சொன்னீர்கள். ஒரே இடத்தில் காட்டினால் வைத்தியருக்கு நோயாளியின் பழைய கதை தெரியும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எனக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் இந்தோனேசியாவின் தேசியக் காப்புறுதியும் கிளினிக்குகளுக்குத் தலைக்கணக்கில்தான் பணம் கொடுக்கிறது. அங்கே பதிந்து 3 மாதம் ஆனால் உறுப்பினர் தன் கைத்தொலைபேசியிலேயே கிளினிக்கை மாற்றலாம், அடுத்த மாதத்திலிருந்து அது நடைமுறைக்கு வரும். தாய்லாந்தின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் உங்களைப் போலவே ஆண்டுத் தொடக்கத்தில்தான் மாற்றலாம், ஜனவரி முதல் மார்ச் வரை. ஆனால் வீடோ வேலையிடமோ மாறினால் 30 நாளுக்குள் விண்ணப்பித்து இடையிலும் மாற்றிக்கொள்ளலாம். கோடிக்கணக்கான உறுப்பினர்களை வைத்து அவர்கள் செய்வதைச் சில நூறு பேரை வைத்து உங்களால் செய்ய முடியாதா?

ஆகவே, தயவுசெய்து கிளினிக்கைத் தேவைப்படும்போது மாற்ற விடுங்கள். அது உடனே முடியாதென்றால், இடமாற்றம் பெற்றவர்களுக்காவது ஒரு மாத அவகாசம் கொடுங்கள். விடுவிப்புக் கடிதத்தையும், காரணம் கேட்கும் கட்டத்தையும் படிவத்திலிருந்து நீக்குங்கள். மூதூர், கிண்ணியா, கந்தளாய், புல்மோட்டைப் பக்கங்களில் தனியார் மருத்துவ நிறுவனங்களுக்கான 2006ஆம் ஆண்டு 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவுள்ள கிளினிக்குகளைத் தேடிப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். காப்புறுதிக் குறைகேள் அதிகாரிக்கு எழுதலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அதற்கு முன் உங்களிடமே ஒருமுறை மரியாதையோடு கேட்க வேண்டும் என்று நினைத்தேன்.

நவம்பரில் மாரி மழை தொடங்கிவிடும். மகளுக்கு முட்டு அதிகமாவதும் அந்த மாதங்களில்தான். அவளுடைய கிளினிக் கொப்பியின் நகலையும் மூன்று பற்றுச்சீட்டுகளையும் பதிவுத் தபாலில் மறுபடி அனுப்பியிருக்கிறேன். மழைக்கு முன்னர் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
மூதூரிலிருந்து ஓர் உறுப்பினர்