உயர்நிலை வகுப்பில் குழந்தை வளர்ப்பு: எதை, எப்படிக் கற்பிப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குழந்தை வளர்ப்பை உயர்நிலை வகுப்புகளில் பாடமாக வைக்க வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. எழும்போதெல்லாம் இரண்டு கேள்விகளோடு நின்றுவிடுகிறது: இந்த வயதில் இது தேவையா, பெண்பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதாதா? பாடத்துக்குள் என்ன இருக்க வேண்டும், அதை எப்படி நடத்த வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. இந்தப் பாடத்தை நடத்துபவர்களும் நடத்துவோருக்குப் பயிற்சி தருபவர்களுமான நாங்கள் அதைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

முதலில் அந்த இரண்டு கேள்விகளுக்கும் சுருக்கமாகப் பதில். கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய், கரு உண்டாகி 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. கர்ப்பம் என்று பலருக்கும் தெரியவருவதற்கு முன்பே அது நடந்து முடிந்துவிடும். அதனால்தான் நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தைக் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே எடுக்கச் சொல்கிறார்கள். இதைக் கர்ப்பம் உறுதியான பிறகு சொல்லிக்கொடுத்துப் பயன் குறைவு. ஆண்பிள்ளைகளுக்கு ஏன் என்றால், கைக்குழந்தையைப் பிடித்து உலுக்கியதால் மூளையில் காயம் ஏற்பட்ட வழக்குகளில் உலுக்கியவர் பெரும்பாலும் ஆண்தான். போதாக்குறைக்கு, வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் இன்று மாலையே தம்பியையோ தங்கையையோ பார்த்துக்கொள்ளப் போகிறவர்கள். இந்தப் பாடம் அவர்களுக்கு எதிர்காலத்துக்கானது மட்டுமல்ல.

அடுத்தது, இந்தப் பாடத்தைத் தொடங்கும் பள்ளிகள் முதலில் வாங்க நினைக்கும் அழும் பொம்மை. கணினி பொருத்திய பொம்மையை இரண்டு மூன்று நாட்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால், நள்ளிரவில் அது அழும்போது பிள்ளைகளுக்குப் புத்தி வரும், இளம் வயதுக் கர்ப்பம் குறையும் என்பது எண்ணம். மேற்கு ஆஸ்திரேலியாவில் 57 பள்ளிகளில், 13 முதல் 15 வயதுள்ள 2,800-க்கும் மேற்பட்ட மாணவிகளிடம் இதைச் சோதித்து, 20 வயது வரை அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். முடிவு 2016-இல் லான்செட் இதழில் வெளியானது. பொம்மைத் திட்டத்தில் இருந்தவர்களில் 8 விழுக்காட்டினர் குழந்தை பெற்றிருந்தனர். திட்டத்தில் இல்லாதவர்களில் 4 விழுக்காடு. கருக்கலைப்பு முறையே 9, 6 விழுக்காடு. குறைக்க வந்த திட்டம் குறைக்கவில்லை. எங்கள் கணிப்பில் காரணம் எளிது. பொம்மையைச் சுமந்து வருபவருக்கு எல்லோருடைய கவனமும் கிடைக்கிறது, திங்கட்கிழமை அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், அதற்குக் காய்ச்சல் வராது. பயமுறுத்தலைப் பாடத்தின் நோக்கமாக வைத்தால் குழந்தையைப் பற்றிய அறிவு வளர இடமே இருக்காது. பொம்மைக்கு ஒதுக்கும் பணத்தை முதலுதவிப் பயிற்சி உருவங்களுக்கும் வெப்பமானிகளுக்கும் செலவிடுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

பாடத்தை எங்கே தொடங்குவது? பாடநூல்கள் கருவுறுதலில் தொடங்குகின்றன. நாங்கள் அழுகையில் தொடங்கச் சொல்கிறோம். உயிரைக் காக்கும் அறிவு அங்கேதான் அதிகம்.

ஆரோக்கியமான குழந்தையின் அழுகை பிறந்த இரண்டாவது வாரம் தொடங்கிக் கூடிக்கொண்டே போய், ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்தைத் தொட்டு, மூன்று நான்கு மாதங்களில் தணிகிறது. உச்சத்தில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மணி நேர அழுகை அரிதல்ல, மாலையில் அதிகம். இந்த வளைவை மாணவர்களே கரும்பலகையில் வரைய வேண்டும். இது தெரியாத பெற்றோர் ஆறாவது வாரத்தில், நாம் ஏதோ தவறு செய்கிறோம், இது இப்படியே நீடிக்கும் என்று முடிவுகட்டுகிறார்கள். கை நீளுவது அந்த நேரத்தில்தான். குழந்தையின் தலை உடல் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. கழுத்துத் தசை வலுவற்றது. மூளை மிக மென்மையானது. உலுக்கும்போது மூளை மண்டையோட்டுக்குள் முன்னும் பின்னும் மோத, ரத்தக் குழாய்கள் அறுபடுகின்றன. சில விநாடிகள் போதும்.

வகுப்பில் செய்ய வேண்டியது இது. குழந்தை வீறிட்டு அழும் ஒலிப்பதிவை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அதே நேரத்தில் மாணவர்களுக்குக் கூட்டல் கணக்குகள் கொடுங்கள். (முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வெளியே போக விரும்புபவரைப் போக விடுங்கள்.) பிறகு உடம்பில் என்ன நடந்தது என்று எழுதச் சொல்லுங்கள். தாடை இறுகியது, படபடத்தது, எரிச்சல் வந்தது என்பார்கள். அந்த எரிச்சல் எல்லோருக்கும் வருவது, அதைத் தாண்டிய அடுத்த செயல்தான் கற்க வேண்டியது என்று அங்கிருந்து தொடரலாம். பசியா, துணி நனைந்திருக்கிறதா, வேர்க்கிறதா, குளிர்கிறதா, தூக்கச் சோர்வா, காய்ச்சலா, கை கால் விரலில் தலைமுடி சுற்றி இறுக்கியிருக்கிறதா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். விரலில் முடி சுற்றுவதைப் பலரும் கேள்விப்பட்டதே இல்லை. அது ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும். எல்லாம் பார்த்தும் அழுகை ஓயாமல், பொறுமை எல்லை தாண்டுவதாகத் தோன்றினால், குழந்தையைப் பாதுகாப்பான இடத்தில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு அறைக்கு வெளியே ஐந்து முதல் பத்து நிமிடம் நிற்க வேண்டும். இன்னொரு பெரியவரை அழைக்க வேண்டும். அழுவதால் குழந்தை சாகாது, உலுக்கினால் செத்துப்போகலாம் என்பதை இதே சொற்களில், பூசி மெழுகாமல் சொல்ல வேண்டும். விதிவிலக்கு ஒன்று: மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல் இருந்தால் காத்திருக்கவே கூடாது, உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

இந்த இடத்தில் “தொட்டில் பழக்கம்” பழமொழியை எடுத்துக்கொண்டு, அழும்போதெல்லாம் தூக்கினால் கெட்டுப்போகாதா என்று ஒரு மாணவர் கட்டாயம் கேட்பார். முதல் சில மாதங்களில் கைக்குழந்தைக்குத் திட்டமிட்டு அழத் தெரியாது. தூக்குவதால் அது கெட்டுப்போவதில்லை.

தூக்கத்தில் அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். முதல் ஓராண்டு மல்லாந்த நிலையில், கெட்டியான சமதளப் படுக்கையில், தலையணையும் மெத்தென்ற பொம்மையும் இல்லாமல் தூங்க வைக்க வேண்டும். 1992-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் குப்புறப் படுக்கவைக்க வேண்டாம் என்று அறிவுறுத்தியபின், காரணம் புலப்படாத திடீர் குழந்தை மரணங்கள் அங்கே பத்தாண்டுகளுக்குள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. மல்லாந்து படுத்தால் கக்கிய பால் மூச்சுக்குழலுக்குள் போய்விடுமே என்ற அச்சம் மாணவர்களிடம் உண்டு. அவர்கள் பெற்றோரிடமும் உண்டு. வாயால் மறுப்பதைவிடப் படம் வரைவது நல்லது. மல்லாந்திருக்கும்போது மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் இருக்கும். கக்கியது மேலேறி மூச்சுக்குழலுக்குள் போக வேண்டும். குப்புறப் படுத்தால் அந்த வரிசை தலைகீழாகிறது. படத்தை வரைந்தவர் அதற்குப்பின் மறப்பதில்லை.

வளர்ச்சிப் படிகளுக்கு வருவோம். இந்தப் பாடம் அதிகம் கெட்டுப்போவது இங்கேதான். “ஆறு மாதத்தில் உட்காரும், ஒரு வயதில் நடக்கும்” என்று வாய்ப்பாடு போல ஒப்பிக்க வைக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட அளவுகளின்படி, பிடிமானமின்றி உட்கார்வது 3.8 முதல் 9.2 மாதத்துக்குள், தனியாக நடப்பது 8.2 முதல் 17.6 மாதத்துக்குள். கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலே நடந்துவிட்ட குழந்தைகளும் நூற்றுக்கு நான்கு பேர் இருந்தார்கள். ஒற்றை எண்ணை மனப்பாடம் செய்த மாணவர் பதினான்கு மாதத்தில் நடக்காத குழந்தையைக் குறையுள்ளது என்பார். நாள்காட்டியில் பட்டை பட்டையாக வண்ணம் தீட்டி, ஒவ்வொரு திறனுக்கும் ஒரு காலப்பரப்பு உண்டு என்று காட்ட வேண்டும். கூடவே மருத்துவரிடம் காட்ட வேண்டிய அடையாளங்கள் சிலவும் தெரிந்திருக்க வேண்டும்: ஒரு வயதிலும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாதது, பதினெட்டு மாதமாகியும் நடக்காதது, இரண்டு வயதிலும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாதது, எந்த வயதானாலும் வந்த திறன் ஒன்று மறைவது. கடைசியானதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

உண்மையான குழந்தையைப் பார்க்காமல் இவை எதுவும் மனதில் நிற்காது. கனடாவின் டொரான்டோவில் 1996-இல் மேரி கார்டன் தொடங்கிய திட்டத்தில், ஒரு கைக்குழந்தையும் அதன் பெற்றோரும் அதே வகுப்புக்கு ஓராண்டில் ஒன்பது முறை வருகிறார்கள். மாணவர்கள் அந்தக் குழந்தை வளர்வதைத் தொடர்ச்சியாகப் பார்க்கிறார்கள். ஒன்பது முறை முடியாத பள்ளிகள் மூன்று முறையாவது, மூன்று மாத இடைவெளியில், ஒரே குழந்தையை வரவழைக்கலாம். தாளை இரண்டாகப் பிரித்து இடப்பக்கம் கண்டதையும் வலப்பக்கம் அதற்கு என்ன பொருள் இருக்கலாம் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். முதல் முறை எல்லோரும் இடப்பக்கத்தில் “குழந்தைக்குக் கோபம்” என்று எழுதுவார்கள். அது கண்டதல்ல. “கிலுகிலுப்பையைக் கீழே போட்டது, அம்மாவைப் பார்த்தது, உதடு பிதுங்கியது” என்பதே கண்டது. இந்தப் பிரிப்பு பழகினால், பத்து மாதக் குழந்தை கரண்டியை ஏழு முறை கீழே போடுவதைக் குறும்பு என்று சொல்ல மாட்டார்கள். போட்டால் என்ன ஆகிறது என்று அது சோதிக்கிறது என்பது புரியும். அடிப்பதையும் அதட்டுவதையும் பற்றித் தனியாக உபதேசம் செய்ய வேண்டிய தேவை பாதி குறைந்துவிடும்.

பேச்சு வளர்வதும் இப்படித்தான். குழந்தை ஒலி எழுப்ப, பெரியவர் முகம் பார்த்துப் பதில் சொல்ல, அது மறுபடி ஒலி எழுப்ப, மாறி மாறி நடப்பதில் மொழி உருவாகிறது. 1970-களில் எட்வர்ட் டிரோனிக் என்ற உளவியலாளர், தாய்மார்களைச் சில நிமிடங்கள் மட்டும் எந்த உணர்ச்சியும் காட்டாத முகத்தோடு குழந்தையைப் பார்க்கச் சொன்னார். குழந்தைகள் சிரித்தும் குரல் கொடுத்தும் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டன, சில அழுதன. கைப்பேசியில் ஆழ்ந்த முகமும் குழந்தைக்கு ஏறத்தாழ அப்படித்தான் தெரியும் என்று நாங்கள் நினைக்கிறோம். மாணவர்கள் செய்து பார்க்க வேண்டியது: குழந்தையிடம் ஒன்று சொன்னபின் மனதுக்குள் பத்து எண்ணிக் காத்திருப்பது. பெரும்பாலோர் மூன்றிலேயே மறுபடி பேசிவிடுகிறார்கள், அதனால் குழந்தையின் முறை வருவதே இல்லை.

வீட்டுப் பாதுகாப்புக்குக் கைவேலை போதும். 32 மில்லிமீட்டர் விட்டமுள்ள அட்டைக்குழாய் ஒன்றைச் செய்து, அதற்குள் முழுதாக நுழையும் எதுவும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது என்று சோதிக்கலாம். பொத்தான் வடிவ பேட்டரி விழுங்கப்பட்டு உணவுக்குழலில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே புண்ணாக்கும். குளியல் நீரை முதலில் உள்ளங்கையாலும் பிறகு முழங்கையாலும் கணித்து, வெப்பமானியோடு ஒப்பிட வைக்கலாம். 37, 38 டிகிரி வேண்டும். வாளியில் எப்போதும் குளிர்நீரை முதலில் ஊற்ற வேண்டும், ஒருபோதும் குழந்தையை அதனருகில் தனியாக விடக்கூடாது. உப்புச் சர்க்கரைக் கரைசலை ஒவ்வொருவரும் கலக்க வேண்டும்: ஒரு லிட்டர் சுத்தமான நீருக்கு, தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. கரண்டியைக் குவித்து அள்ளுவதுதான் வழக்கமான தவறு. உப்பு கூடினால் ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரலாம். மூச்சுக்குழல் அடைத்த கைக்குழந்தைக்கு ஐந்து முதுகுத் தட்டல், ஐந்து மார்பு அழுத்தம் என்ற பயிற்சியை முதலுதவி கற்பிக்கத் தகுதி பெற்றவரே நடத்த வேண்டும்.

ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியவை சில. உங்கள் குழந்தைப் பருவப் படத்தைக் கொண்டு வாருங்கள் என்று சொல்லாதீர்கள். எல்லோரிடமும் படம் இருக்காது, எல்லோரும் பெற்றோரோடு வளரவில்லை. “இப்படி வளர்க்காவிட்டால் மூளை பாதிக்கப்படும்” என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். கடினமான வீட்டில் வளர்ந்த பிள்ளை அதைத் தன்மேல் சொன்ன தீர்ப்பாகக் கேட்கும். தண்டனை பற்றிய வகுப்பு முடிந்தபின் யாராவது ஒருவர் தனியாக வந்து, தனக்கு நடப்பதைச் சொல்லக்கூடும். “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுக்கக் கூடாது, துருவிக் கேட்கக் கூடாது. சொன்னதைச் சொன்ன சொற்களிலேயே எழுதி, பள்ளியில் அதற்குப் பொறுப்பானவரிடம் அன்றே சேர்க்க வேண்டும். அந்தப் பொறுப்பாளர் யார் என்பது முதல் வகுப்புக்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

முப்பது வகுப்புகள் ஒதுக்கினால் இவ்வளவையும் நடத்தலாம், அதில் பாதியாவது செய்முறையாக இருந்தால். மதிப்பெண் வேண்டுமென்றால் நிலைமையைக் கொடுத்துக் கேளுங்கள்: “ஆறு வாரக் குழந்தை, மாலை ஏழு மணி, ஒரு மணி நேரமாக அழுகிறது, வீட்டில் நீங்கள் மட்டும், என்னென்ன பார்ப்பீர்கள், எந்த வரிசையில்?” பொதுத்தேர்வில் “குழந்தை எத்தனை மாதத்தில் நடக்கும்?” என்ற ஒரு மதிப்பெண் கேள்வி ஒரு முறை வந்துவிட்டால், அடுத்த ஆண்டு முதல் வகுப்புகளில் அந்த அட்டவணை மட்டும்தான் நடத்தப்படும்.

இப்படிக்கு,
குழந்தை வளர்ச்சிப் பாட ஆசிரியர்கள், பயிற்றுநர்கள்