ஸாலிஹ் வீட்டு அடுப்பு

அன்புள்ள நண்பருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கண்ணில் புரை நீக்கிக்கொண்ட பிறகு சில வாரங்கள் படிக்கவும் எழுதவும் மருத்துவர் தடை விதித்திருந்ததால், தங்கள் கடிதத்துக்கு இப்போதுதான் மறுமொழி எழுத முடிகிறது. இளைய மகன் ஆலிம் (மார்க்க அறிஞர்) பட்டம் பெற்ற செய்தி மனத்தை நிறைத்தது. தொழுகை நடத்தும் இமாமாக, அரசு ஊதியம் தரும் பதவியை ஏற்பதா என்று அவர் தயங்குவதையும், "இஸ்லாத்தில் அரசும் மார்க்கமும் ஒன்றுதானே, பிறகென்ன தயக்கம்?" என்று தாங்கள் கேட்டதையும் எழுதியிருந்தீர்கள். அந்தத் தயக்கம் நல்ல தயக்கம் என்பதே என் எண்ணம். நம் வரலாற்றில் அதற்கு ஆயிரத்து இருநூறு ஆண்டு வயது.

முஸ்லிம் பேரரசின் தலைவரான கலீஃபா மஃமூன் 833ஆம் ஆண்டில், திருக்குர்ஆன் படைக்கப்பட்டது, என்றென்றும் இருந்ததன்று என்ற கொள்கையை ஒப்புக்கொள்கிறார்களா என்று காழிகள் எனப்படும் நீதிபதிகளையும் ஹதீஸ் (நபிமொழி) அறிஞர்களையும் விசாரிக்கும்படி பக்தாது ஆளுநருக்கு ஆணை அனுப்பினார். பெரும்பாலோர் பணிந்தார்கள். ஹதீஸ் அறிஞர் அஹ்மத் இப்னு ஹன்பல் பணியவில்லை. அடுத்து வந்த முஃதஸிமின் ஆட்சியிலும் சிறையில் கிடந்து கசையடி பட்டார். பின்னர் கலீஃபாவான முதவக்கில் அந்த விசாரணையை நிறுத்தியபோது வென்று நின்றது, பதவி எதுவும் இல்லாத அந்த அறிஞரின் சொல்தான். வரி வாங்கவும் படை நடத்தவும் கலீஃபாவுக்கு உரிமை உண்டு, ஆனால் வேதத்துக்கு இதுதான் பொருள் என்று கட்டளையிடும் உரிமை அவருக்கு இல்லை என்பது ஸுன்னி உலகில் வேரூன்றியதற்கு அந்தச் சோதனை ஒரு பெருங்காரணம்.

ஆயினும் என்னை அதிகம் நெகிழ வைப்பது கசையடி பற்றிய செய்தி அன்று, அதற்குப் பின் நடந்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதிவைத்த ஒரு சிறு நிகழ்ச்சி. முதவக்கில் அவரைச் சிறப்பிக்க விரும்பி அன்பளிப்புகளை அனுப்பினார். அவர் ஏற்கவில்லை, ஆனால் மகன் ஸாலிஹ் அரண்மனைப் பணத்தைப் பெற்றுக்கொண்டார். ஒரு நாள் பசியோடு இருந்த தந்தைக்கு வீட்டார் ரொட்டி கொண்டுவந்து வைத்தார்கள். இவ்வளவு விரைவில் எப்படிச் சுட்டீர்கள் என்று அவர் கேட்டார். ஸாலிஹ் வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, அதில் சுட்டோம் என்றார்கள். அவர் அந்த ரொட்டியைத் தொடவில்லை. மாவு மகனுடையதன்று, நெருப்பு மட்டுமே மகனுடையது. அடிக்கும் அரசைவிட ஊட்டும் அரசிடம்தான் அதிக எச்சரிக்கை வேண்டும் என்று அவர் கருதியிருக்க வேண்டும்.

எல்லா அறிஞரும் அவ்வாறு விலகி நின்றார்கள் என்று நான் சொல்லவில்லை. கூஃபாவில் துணி வணிகம் செய்து வாழ்ந்த இமாம் அபூஹனீஃபா காழி பதவியை மறுத்து 767இல் சிறையில் இறந்தார் என்பர். அவருடைய தலைமாணவர் அபூயூசுஃபோ ஹாரூன் ரஷீதின் தலைமைக் காழியாகி, நிலவரியில் நீதி எது என்று கலீஃபாவுக்கே நூல் எழுதினார். இருவரையும் நாம் மதிக்கிறோம். பதவியில் அமர்ந்தவரும் மன்னரை நோக்கிப் பேச முடிந்ததற்கு, பதவிக்கு வெளியே அவரை எடைபோடும் ஓர் அறிஞர் கூட்டம் தன் காலில் நின்றது துணையாக இருந்திருக்கும். பிற்காலத்தில் அந்தக் கால் வக்ஃபு சொத்து. மத்ரஸாவுக்கும் ஆசிரியருக்கும் மாணவருக்கும் சோறிட்டது, யாரோ ஒருவர் இறைவனுக்கென்று எழுதிவைத்த நிலமும் கடையும்தான்.

துருக்கியின் உஸ்மானியப் பேரரசு உலமாக்களையே, அதாவது மார்க்க அறிஞர்களையே, அரசுப் பணிவரிசை ஆக்கியது. அவர்களின் தலைவரான ஷைகுல் இஸ்லாமை நியமிப்பவரும் நீக்குபவரும் சுல்தான். இருந்தும் 1909இல் இரண்டாம் அப்துல் ஹமீதை அரியணையிலிருந்து இறக்க ஒரு ஃபத்வா, அதாவது கேள்விக்கு விடையாகத் தரும் மார்க்கத் தீர்ப்பு, தேவைப்பட்டது. கேள்வியில் மன்னரின் பெயர் இராது, ஸைத் என்ற பொதுப்பெயர்தான் இருக்கும். கீழே "ஆகும்" என்ற ஒற்றைச் சொல் விடை. அந்த முறை ஃபத்வா கேட்டு வந்தவரிடம் படை இருந்தது என்பதும் உண்மை.

நவீன அரசு வந்த பிறகுதான் ஆட்டம் அடியோடு மாறியது. துருக்கியில் 1924 மார்ச் 3 அன்று கிலாஃபத்தை (கலீஃபா பதவியை) ஒழித்த நாடாளுமன்றம், அதே நாளில் இமாம்களை நிர்வகிக்கும் தியானத் என்ற அரசுத்துறையையும் படைத்தது. மதச்சார்பற்ற அரசு மார்க்கத்தை விட்டு விலகவில்லை, அதற்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியது. எகிப்தில் 1961ஆம் ஆண்டுச் சட்டம் அல்அஸ்ஹர் என்ற பழம்பெரும் மார்க்கக் கல்விநிலையத்தை அரசின் பிடிக்குள் கொண்டுவந்தது. அங்கும் குரல் முற்றிலும் அடங்கிவிடவில்லை: 2016இல் எழுதி அனுப்பிய ஒரே குத்பாவை (வெள்ளிக்கிழமைத் தொழுகை உரையை) எல்லா இமாம்களும் வாசிக்க வேண்டும் என்று வக்ஃபு அமைச்சகம் முனைந்தபோது, அல்அஸ்ஹரின் மூத்த உலமாக்கள் அவை அதை ஏற்க மறுத்தது.

ஈரானில் மார்க்க அறிஞரே ஆட்சியாளரானார். அதன் விளைவை 1989இல் பார்த்தோம்: உச்சத் தலைவர் மர்ஜாவாக, அதாவது ஷியா மக்கள் பின்பற்றும் தலையாய அறிஞராக, இருந்தாக வேண்டும் என்ற விதியை அரசியலமைப்பிலிருந்து நீக்கினார்கள், கல்வித்தகுதி அரசின் தேவைக்கு வழிவிட்டது. இதற்கு மாறாக, எந்த அரசுப் பதவியும் வகிக்காத, ஈராக்கின் நஜஃப் நகரத்து ஷியா அறிஞர் ஆயத்துல்லா சிஸ்தானியின் செய்தி 2019 நவம்பரில் வெள்ளிக்கிழமை உரையில் வாசிக்கப்பட்டதும், ஈராக் பிரதமர் விலக முன்வந்தார். நஜஃபின் பொருள்வளம் மக்கள் நேரே தரும் குமுஸ் (ஐந்திலொரு பங்கு) பணத்திலிருந்து வருகிறது என்பதை இதிலிருந்து பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

ஆகவே மகனிடம் பதவியை மறுக்கச் சொல்லாதீர்கள். குடும்பம் நடத்த ஊதியம் வேண்டும், அபூயூசுஃபும் நம்மவர்தான். கையொப்பமிடும் முன் குத்பாவை எழுதுபவர் யார், ஒரு ஃபத்வாவுக்காக அவரை நீக்கக்கூடியவர் யார், அப்படி நீக்கினால் அவர் வீட்டு அடுப்பு எதைக்கொண்டு எரியும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். கிடைத்த விடைகளை எனக்கும் எழுதச் சொல்லுங்கள், அவருடைய கையெழுத்தைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

என்றும் அன்புடன்,
தங்கள் பழைய நண்பன்