வீட்டில் முதல் ஆள்

அன்புள்ள விஜி,

உன் வாய்ஸ் மெசேஜை மூன்று தடவை கேட்டேன். மகளை ஹாஸ்டலில் விட்டுவிட்டுத் திரும்பும்போது காரில் நீயும் அவரும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்றாயே, அதைக் கேட்டதும் எனக்கு நம்முடைய ஹாஸ்டல் முதல் நாள்தான் நினைவுக்கு வந்தது. உன் அப்பா தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வார்டன் அறை எது என்று தெரியாமல் சமையல்கட்டு வாசலில் நின்றார். என் அப்பா அதற்கு ஒரு வாரம் முன்னால், அப்ளிகேஷனில் 'தந்தையின் கல்வித் தகுதி' என்ற கட்டத்தைப் பார்த்து ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அஞ்சாப்புன்னு போடு" என்றார். மூணாப்பைத் தாண்டாதவர். நானும் ஐந்து என்றே எழுதினேன். அந்தப் பொய்யை இன்றுவரை யாரும் சரிபார்க்கவில்லை.

இந்த வயதில் என்னடி பிஎச்டி என்று கேட்டாய் அல்லவா, அந்தக் கட்டத்தைப் பற்றித்தான் படிக்கிறேன் என்று வைத்துக்கொள். குடும்பத்தில் முதலாவதாகக் காலேஜ் வாசல் மிதிப்பவர்களைப் பற்றி உலகத்தில் யார் யார் என்ன ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள் என்று ஒரு வருஷமாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். முட்டி வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே கட்டுரை வாசிக்கிற ஒரே ஆராய்ச்சி மாணவி நானாகத்தான் இருப்பேன்.

முதல் சிக்கலே, 'முதல்' என்றால் யார் என்பது. அமெரிக்காவில் 1980-இல் உயர்கல்விச் சட்டத்தைத் திருத்தியபோது இதற்கு ஒரு வரையறை போட்டார்கள். அம்மா, அப்பா இரண்டு பேரிடமும் இளங்கலைப் பட்டம் இல்லையென்றால் பிள்ளை முதல் தலைமுறை. சரி, தெளிவாகத்தானே இருக்கிறது என்று நினைப்போம். ஆனால் ஆராய்ச்சி செய்பவர்கள் ஆளுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். இருவரில் ஒருவருக்கு மட்டும் பட்டம் இருந்தால்? காலேஜுக்குப் போய்ப் பாதியில் நின்றிருந்தால்? ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் டவுட்குஷியன் என்பவரும் கூட இருந்தவர்களும் ஒரே மாணவர் கூட்டத்தை எடுத்துக்கொண்டு எட்டு விதமான வரையறைகளைப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு வரையறைப்படி 22 சதவீதம் பேர் முதல் தலைமுறை, இன்னொன்றின்படி 77 சதவீதம். அதே பிள்ளைகள்தான்! இதைப் படித்த அன்று எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

நம் ஊரில் வரையறை தாலுகா ஆபீஸில் இருக்கிறது. 2010-இல் கொண்டுவந்த முதல் பட்டதாரிச் சலுகை உனக்குத் தெரிந்திருக்கும். கவுன்சிலிங் வழியாகத் தொழிற்கல்வியில் சேர்ந்தால் படிப்புக் கட்டணத்தில் சலுகை உண்டு, வருமான வரம்பு கிடையாது. நல்ல திட்டம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சான்றிதழ் வேண்டுமென்றால் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள் ஒருவர்கூடப் பட்டதாரியாக இருக்கக் கூடாது. எங்கள் தெருவில் இஸ்திரி போடுபவர் வீட்டில் மூத்த பெண் அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. முடித்தாள், இந்தச் சலுகையில் ஒரு பைசா வாங்காமல். இந்த வருஷம் தம்பிக்குக் கவுன்சிலிங்கில் மெக்கானிக்கல் கிடைத்தது, சான்றிதழ் கிடைக்கவில்லை, ஏனென்றால் வீட்டில் ஏற்கெனவே ஒரு பட்டதாரி இருக்கிறாள். அரசுப் பள்ளியில் படித்திருந்தால் அந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அரசே கட்டணம் கட்டியிருக்கும், இவன் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. அமெரிக்கக் கணக்கில் அக்கா, தம்பி இருவருமே முதல் தலைமுறை, நம் கணக்கில் அக்கா மட்டும். பி.ஏ. படித்த அக்காவுக்கு இன்ஜினியரிங் காலேஜைப் பற்றி என்ன தெரியும், தம்பிக்கு என்ன வழி சொல்லிவிட முடியும்? அவள் இப்போது ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள், அந்தச் சம்பளத்தில்தான் அவன் ஃபீஸ். 'நான் படிக்காம இருந்திருக்கலாம் டீச்சர்' என்று என்னிடம் சொன்னாள். சும்மா விளையாட்டுக்குத்தான் சொன்னாள், ஆனாலும் சொன்னாள்.

ஆராய்ச்சி எப்படி எப்படி மாறி வந்திருக்கிறது என்று கேட்டால், எனக்கு அது நாத்தனார்கள் மருமகளைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கிறது. ஆரம்பத்தில் எல்லாக் குறையும் பிள்ளை மேல்தான். மார்க் குறைவு, ஆங்கிலம் வராது, வகுப்பில் வாய் திறக்காது, பாதியில் நின்றுவிடும் என்று பட்டியல். 1975-இல் வின்சென்ட் டின்டோ என்பவர், மாணவர்கள் ஏன் படிப்பை விடுகிறார்கள் என்பதற்கு ஒரு கோட்பாடு சொன்னார். காலேஜ் வாழ்க்கையோடு ஒட்டிக்கொண்டவர்கள் தங்குவார்கள், ஒட்டாதவர்கள் போவார்கள் என்பது அதன் சாரம். ஒட்டவேண்டும் என்றால் பழைய வீட்டை, பழைய ஊரைக் கொஞ்சம் விட்டுவிட வேண்டும் என்றும் பின்னால் அவர் சேர்த்துக்கொண்டார். 1992-இல் டியர்னி என்ற இன்னொரு ஆராய்ச்சியாளர் இதைப் பிடித்துக்கொண்டார். வேறு பண்பாட்டிலிருந்து வருகிற பிள்ளையிடம் உன் வீட்டை விட்டுவிட்டு வா என்று எப்படிச் சொல்வாய் என்று. சரியான கேள்வி. நாம் இருவரும் விட்டோமா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினோம்.

அப்புறம்தான் பார்வை காலேஜ் பக்கம் திரும்பியது. ஆந்தனி ஜாக் என்பவர், அவரும் நம்மைப் போல வந்தவர்தான், ஒரு பெரிய பணக்காரப் பல்கலைக்கழகத்துக்குள் போய் ஏழை மாணவர்களோடு பழகி எழுதினார். வசந்த கால விடுமுறைக்கு எல்லோரும் ஊருக்கோ சுற்றுலாவுக்கோ போய்விடுவார்கள் என்று மெஸ்ஸை மூடிவிடுவார்களாம். டிக்கெட்டுக்குக் காசில்லாமல் ஹாஸ்டலிலேயே இருந்த பிள்ளைகள் பட்டினி. இன்னொன்று, 'ஆபீஸ் ஹவர்ஸ்' என்று பேராசிரியர்கள் முதல் வகுப்பிலேயே நேரம் சொல்லிவிடுவார்கள், அது மாணவர்கள் வந்து பார்த்துப் பேசுவதற்கான நேரம் என்பது பல பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாதாம். யாரும் விளக்குவதில்லை, எல்லோருக்கும் தெரியும் என்ற நினைப்பு.

இதைப் படித்த மறுநாள் என் வகுப்பில் ஒன்று நடந்தது. ஸ்காலர்ஷிப்புக்குப் போனஃபைட் சர்டிஃபிகேட் கொடுக்கச் சொல்லி நோட்டீஸ் போர்டில் போட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது. கடைசி நாள் முடிந்த பிறகு ஒரு பெண் வந்து, "மேம், போனஃபைட்னா எங்க கடையில கிடைக்கும்?" என்று கேட்டாள். ஜெராக்ஸ் கடை, ஸ்டேஷனரி கடை எல்லாம் ஏறி இறங்கியிருக்கிறாள். அது இந்தக் காலேஜில்தான் படிக்கிறாள் என்பதற்கான சான்று, ஆபீஸ் ரூமில் எழுதிக் கேட்டால் போதும் என்று ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, விஜி. இருபது வருஷமாக நோட்டீஸில் கையெழுத்துப் போடுகிறேன், அந்தச் சொல்லுக்கு அர்த்தம் எழுதவேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. எனக்கே இரண்டாம் வருஷம்தான் தெரிந்தது என்பதை மறந்துவிட்டேன்.

கோவாருபியாஸ், ஃப்ரைபெர்க் என்று இரண்டு பெண்கள் இன்னொன்றை எழுதியிருக்கிறார்கள். தான் மட்டும் படித்து மேலே வந்ததில் வீட்டை நினைத்து வருகிற குற்ற உணர்ச்சி. அதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸில் முட்டை போடும்போது நீ எடுத்துக்கொள்ள மாட்டாய், கேட்டால் பிடிக்காது என்பாய். வீட்டில் தம்பிக்குக் கிடைக்காதது உனக்கு இறங்கவில்லை என்று கடைசி வருஷம்தான் சொன்னாய். அதற்கு ஒரு பெயர் வைத்து, அளக்கிற கேள்வித்தாள் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தபோது ஆறுதலாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

இப்போது நிலைமை மூன்றாவது கட்டத்தில் இருக்கிறது. இந்தப் பிள்ளைகளிடம் குறையைத் தேடாதே, என்ன கொண்டுவருகிறார்கள் என்று பார் என்கிறார்கள். 2005-இல் டாரா யோசோ எழுதியதிலிருந்து இது பெருகியிருக்கிறது. ஆசை, மொழி, குடும்பப் பிணைப்பு, வழி கண்டுபிடிக்கிற சாமர்த்தியம் என்பது போல ஆறு வகைச் செல்வம் சொல்கிறார். எனக்கு முக்கால்வாசி சம்மதம். பாக்கி கால்வாசியை என் கைடிடம் சொன்னேன், அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு பெண் விடியற்காலை ஐந்தரை பஸ்ஸில் இரண்டு மணி நேரம் நின்றுகொண்டே வருவதை 'மனவுறுதி' என்று நான் எழுதிவிட்டால், அப்புறம் இன்னொரு பஸ் எதற்கு விடவேண்டும் என்றுதானே யாரும் கேட்பார்கள்? மாதம் ஆயிரம் ரூபாய் புதுமைப் பெண் பணம் 2022-இலிருந்து வருகிறது, என் வகுப்புப் பெண்களில் சிலர் அதில் செல்போன் ரீசார்ஜ் போக மிச்சத்தை வீட்டில் கொடுக்கிறார்கள், ஒருத்தி கண்ணாடி போட்டுக்கொண்டாள். போர்டு தெரியாமலே பன்னிரண்டாவது வரை வந்திருக்கிறாள். அவள் மனவுறுதியைப் புகழ்வதா, கண்ணாடியைப் புகழ்வதா?

தமிழ்நாட்டில் 18 முதல் 23 வயதுக்காரர்களில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம் என்று 2021-22 கணக்கெடுப்பு சொல்கிறது, இந்திய அளவில் 28.4. மேடையில் இதைச் சொன்னால் கைதட்டல் விழும். உள்ளே வந்தவர்கள் என்ன ஆகிறார்கள் என்பதை யாராவது வருஷம் வருஷமாகப் பின்தொடர்ந்து பார்க்கவேண்டும், நான் செய்ய நினைப்பது அதைத்தான், என் காலேஜ் அளவில்.

ஒரு சின்னச் சோதனை செய்தேன். நிக்கோல் ஸ்டீபன்ஸும் அவர் குழுவும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் முன்னால் சீனியர்களை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசவைத்தார்கள், தங்கள் வீட்டுப் பின்னணியையும் சேர்த்துச் சொல்லி, அதனால் என்ன தடுமாற்றம் வந்தது, எப்படிச் சமாளித்தேன் என்று. வருஷக் கடைசியில் முதல் தலைமுறைக்கும் மற்றவர்களுக்கும் இருந்த மதிப்பெண் இடைவெளி 63 சதவீதம் குறைந்திருந்தது. வீட்டைப் பற்றிச் சொல்லாமல் பொதுவாக அறிவுரை சொன்ன கூட்டத்தில் அப்படி இல்லை. செலவில்லாத வேலை என்று நானும் மூன்றாம் வருஷப் பெண்கள் நான்கு பேரை உட்காரவைத்தேன். மூன்று பேர், நன்றாகப் படியுங்கள், நேரத்தை வீணாக்காதீர்கள் என்று தலைமையாசிரியர் மாதிரிப் பேசினார்கள். நான்காவது பெண், முதல் இரண்டு நாள் தப்பான வகுப்பில் உட்கார்ந்திருந்ததையும், எழுந்து போனால் சார் என்ன நினைப்பாரோ என்று பயந்து எக்கனாமிக்ஸ் நோட்ஸ் எடுத்ததையும் சொன்னாள். அவள் சேர்ந்தது தாவரவியல். சிரித்து முடித்த பிறகு பின் பெஞ்சிலிருந்து ஒரு கை தூக்கிற்று. "அக்கா, இன்டெர்னல் மார்க்னா என்ன?"

அதற்கப்புறம் ஒன்றரை மணி நேரம் கேள்விகள்தான். மதிப்பெண் என்ன ஆகும் என்பது ஏப்ரலில் தெரியும்.

அடுத்த கூட்டம் ஜனவரியில், பொங்கல் கழிந்து இரண்டாவது சனிக்கிழமை. நீ வந்து பேசவேண்டும். பேங்க் மேனேஜர் கதை வேண்டாம், அந்த முட்டைக் கதையைச் சொல். உன் மகளையும் கூட்டி வா, அவள் வயசுப் பிள்ளைகள்தான், அவளுக்கும் அந்தக் கதை தெரியாது என்று நினைக்கிறேன். இரண்டு பேரும் வீட்டில்தான் தங்கவேண்டும், லாட்ஜ் பேச்சே எடுக்காதே. அம்மாவுக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை, ஆனால் உன் பேரைச் சொன்னால் "பெட்டிக்காரர் மகளா?" என்று சரியாகக் கேட்கிறாள்.

அன்புடன்,
சாந்தி