கரும்பலகையில் கட்டெறும்பு கீறிய தம்பிக்கும் மற்ற எல்லாருக்கும்

ஊராருக்கும் உறவுகளுக்கும், முகம் தெரியாமலே உதவினவர்களுக்கும்,

நேற்றோடு அக்காவுக்கு இரண்டாவது கொரோனா ஊசியும் போட்டாயிற்று. அம்மா விறாந்தைக்கு வந்து இருக்கத் தொடங்கிவிட்டா. வெற்றிலை தரச்சொல்லி என்னோடு சண்டை பிடிக்கிற அளவுக்கு மூச்சும் வந்துவிட்டது. 2021 ஒக்டோபர் பிறந்து ஊரடங்கும் எடுபட்டுவிட்டது. நன்றி சொல்ல இன்னும் பிந்தினால் அது கடமைக்குச் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்றுதான் இன்றிரவே எழுத இருந்துவிட்டேன்.

ஆவணியில் அம்மாவுக்குக் கொரோனா வந்து எங்கள் வீட்டில் நடந்ததைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரையில் அது தெரியாத ஆள் இல்லை. இலங்கையில் நாளுக்கு 200 பேருக்கு மேல் செத்துக்கொண்டிருந்த கிழமைகள் அவை. எந்த ஊரில் இருந்து இதை வாசித்தாலும் உங்களுக்கும் ஒரு வீடு நினைவுக்கு வரும்.

கடன்பட்ட எல்லாரையும் முதலில் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடித்ததும் ராவோடு ராவாக எங்கள் குண்டும் குழியுமான ஒழுங்கைக்குள் வந்து அம்மாவை ஏற்றிய சுவசெரிய வண்டிப் பிள்ளைகள். காத்தான்குடி ஆதார வைத்தியசாலையில், அந்தப் பொலித்தீன் உடுப்புக்குள் வேர்த்து ஊற்ற, அம்மாவைக் குப்புறப் படுக்கவைத்து, ஒட்சிசன் குழாய் கழன்று போகாமல் பார்த்த தாதிமாரும் உதவியாளர்களும். வீட்டை மூடி அறிவித்தல் ஒட்டிவிட்டுப் போனாலும், அடுத்த நாள் படலையடியில் நின்று சீனி வருத்தக் குளிசை முடிந்துவிட்டதா என்று கேட்ட பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா. வேலிக் கம்பில் சோற்றுப் பார்சலைக் கொழுவிவிட்டுக் கூப்பிடாமலே போன சனம். (யார் யார் என்று எங்களுக்குத் தெரியும். ஆணத்தின் ருசியிலேயே கண்டுபிடித்துவிட்டோம்.) அம்பிளாந்துறையில் பாதை (வாவியைக் கடக்கிற மிதவைப் படகு) வெளிக்கிட்ட பிறகும் எங்களைக் கண்டு திருப்பிக் கரைக்குக் கொண்டுவந்தவர்கள். எல்லாருக்கும் நன்றி.

அம்மாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த உம்மாவைத் தனியாகச் சொல்லவேண்டும். தன்னுடைய பிளாஸ்க்கில் இருந்து பாதிச் சுடுதண்ணியை ஒவ்வொரு நாளும் அம்மாவுக்கு ஊற்றிக் கொடுத்தவ. அவ வீடு திரும்பவில்லை. கொரோனாவில் செத்தவர்களை அடக்க ஒதுக்கிய ஓட்டமாவடி மஜ்மா நகருக்குக் கொண்டுபோய் அடக்கினார்கள் என்று பிறகுதான் அறிந்தோம். அவவுடைய பிள்ளைகள் யாராவது இதைப் பார்த்தால் தெரிந்துகொள்ளுங்கள், எங்கள் அம்மா விளக்கு வைக்கிற நேரம் உங்கள் உம்மாவையும் நினைத்துத்தான் கும்பிடுகிறா.

இனி, இந்த மடலை எழுத வைத்த விசயத்துக்கு வருகிறேன்.

அக்காவுக்குப் பிறவியிலிருந்தே காது கேளாது. பேச்சும் இல்லை. பள்ளிக்கூடம் அனுப்ப அந்தக் காலத்தில் வழியிருக்கவில்லை, சண்டைக் காலம். வீட்டுக்குள் நாங்கள் வைத்துக்கொண்ட சைகை கொஞ்சம் இருக்கிறது. மூக்கைத் தொட்டால் அம்மா, அவவுடைய மூக்குத்தி. தோளைத் தட்டினால் நான், சின்ன வயதில் அவ தோளிலேயே கிடந்ததால். மிச்சமெல்லாம் அக்கா மற்றவர்களின் வாயைப் பார்த்துத்தான் பிடிப்பா. கடைக்குப் போவா, சீட்டுக் காசு வாங்குவா, விலை கூடச் சொன்னால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துச் சண்டைக்கும் நிற்பா. கொரோனா வந்தது, எல்லாருடைய வாயும் மாஸ்க்குக்குள் போய்விட்டது. எங்களுக்கு மாஸ்க் ஒரு கரைச்சல், அவ்வளவுதான். அக்காவுக்கு ஊரே ஒரே நாளில் பேசாமல் போய்விட்டது.

ஊசி வந்த நேரத்தில் ஒருமுறை கூட்டிக்கொண்டு போனோம். எந்த இடம் என்று எழுதத் தேவையில்லை. பெயரைக் கூப்பிட்டார்கள், அவவுக்குக் கேட்கவில்லை. நான் படிவத்தோடு வேறு வரிசையில் நின்றேன். ஒருவர் பின்னால் வந்து கையைப் பிடித்து இழுக்க, அக்கா பயந்து உதறிவிட்டு ஓடி வந்துவிட்டா. "காதென்ன செவிடா?" என்று அவர் கேட்டது எனக்குக் கேட்டது. காலையிலிருந்து நின்ற களைப்பாக இருக்கும். அதை நான் மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன், பெரிதாக எடுக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு 'ஊசி' என்று கையில் குத்திக் காட்டினாலே அக்கா வளவுக்குள் போய் நின்றுவிடுவா. அவவுக்குத் தொய்வும் (ஆஸ்துமா) இருக்கிறது, மாரி தொடங்கினால் பம்ப் இல்லாமல் படுக்க ஏலாது. அம்மாவின் நிலைமையைப் பார்த்த பிறகு எனக்கு நித்திரை இல்லை.

புரட்டாதியில், ஊரடங்கு நேரம், பள்ளிக்கூடம் ஒன்றில் திரும்பவும் ஊசி போட்டார்கள். எங்கள் மிட்வைஃப் மிஸ்தான் ரெலிபோன் எடுத்து, "ரீச்சர், எப்பிடியாவது கூட்டிட்டு வாங்க, நான் நிப்பன்" என்றா. கோயிலுக்கு என்று காட்டிக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் வெள்ளை உடுப்பைக் கண்டதும் அக்காவுக்கு விளங்கிவிட்டது. மாமரத்தடியில் நின்றவ நின்றவதான். மிஸ் வந்து பார்த்தா, முடியவில்லை. அவவுக்கும் பின்னால் நூறு சனம்.

அப்போதுதான் வகுப்பறைக்குள் அட்டை எழுதிக்கொண்டிருந்த ஒரு தம்பி எழும்பி வந்தார். பட்டதாரிப் பயிலுனராகப் பிரதேச செயலகத்துக்கு எடுபட்டு, அடையாள அட்டை இலக்கம் பார்த்து எழுதுகிற வேலையில் விட்டிருந்தார்கள். "கேக்காதா அக்கா?" என்று என்னிடம் கேட்டார். ஓம் என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை. உள்ளே போய், கரும்பலகையை முக்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து மாமரத்துக்கு எதிரே வைத்தார். வெண்கட்டி தேடினார், ஒரு துண்டுதான் கிடைத்தது. அக்காவுக்குக் கிட்டப் போகவே இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு, தன் பாட்டுக்குப் படம் கீறத் தொடங்கினார்.

பின்னல் போட்ட ஒரு பெண். அது அக்காதான் என்று பார்த்தவுடன் தெரிந்தது, நெற்றியில் விழுகிற அந்த முடி உட்பட. சட்டைக் கை மடித்திருக்கிறது. மேற்கையில் ஊசி. அடுத்த கட்டத்தில் அதே கை, ஊசி இருந்த இடத்தில் ஒரு கட்டெறும்பு கடித்துக்கொண்டிருக்கிறது. எறும்பு ஊசியை விடப் பெரிதாகப் போய்விட்டது. அக்கா சிரித்துவிட்டா. மாஸ்க்குக்குள் இருந்தாலும் கண்ணில் தெரிந்தது. பிறகு ஒரு கதிரை, ஒரு மணிக்கூடு, முள் அரை வட்டம் போகிறது. பிறகு நிலவு, பாயில் படுத்திருக்கிற பெண், நெற்றிக்கு மேல் வெக்கைக் கோடுகள், பக்கத்தில் இரண்டு குளிசையும் ஒரு குவளையும். கடைசியில் சூரியன். அந்தப் பெண் இடுப்பில் குடத்தோடு நடந்து போகிறா.

ஊசி போட்டால் என்ன நடக்கும், எவ்வளவு நேரம் இருக்கவேண்டும், ராவைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, அது எப்போது மாறும். ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோவில் மாதக்கணக்காகச் சொல்லித் திரிந்த அத்தனையும் ஒரு பலகையில் வந்துவிட்டது.

அக்கா நடந்து வந்தா. ஊசிக்குத்தான் வாறா என்று நான் நினைத்தேன். நேரே பலகைக்குப் போய், அந்தத் தம்பியின் கையிலிருந்து வெண்கட்டியை வாங்கினா. படத்திலிருந்த பெண்ணின் நெஞ்சில் புழு மாதிரிச் சுருள் சுருளாகக் கீறினா. வாயடியில் பம்ப் ஒன்றைக் கீறினா, கோணலாக. பிறகு திரும்பி, எங்கள் எல்லாரையும் பார்த்து இரண்டு கையையும் விரித்தா.

தொய்வு இருக்கே, போடலாமா? அதுதான் கேள்வி.

எத்தனை கிளினிக், எத்தனை டொக்டர் கண்டிருப்போம். ஒவ்வொரு இடத்திலும் கேள்வி என்னிடம் வரும், மறுமொழி நான் சொல்வேன், அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பா. அவவே ஒரு கேள்வி கேட்டு நான் கண்டது அன்றுதான். தம்பி ஓடிப்போய் டொக்டரைக் கூட்டிவந்தார். டொக்டர் பலகையைப் பார்த்தா, அக்காவைப் பார்த்தா. என்னிடம் பம்ப் பாவிப்பது எப்படி, முன்பு ஏதும் ஊசிக்கு உடம்பு தடித்ததா, மூச்சு அடைத்ததா என்று விசாரித்தா. தொய்வு ஊசியைத் தடுக்காது, தொய்வு உள்ளவர்கள்தான் கட்டாயம் போடவேண்டும், ஊசி மருந்துக்குக் கடும் ஒவ்வாமை வந்தவர்கள்தான் முதலில் சொல்லவேண்டும் என்று விளங்கப்படுத்தினா. அதை என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. வெண்கட்டியை எடுத்து, அக்கா கீறிய பம்புக்குப் பக்கத்தில் ஒரு சரி அடையாளம் போட்டா. அக்கா சட்டைக் கையை மடித்தா.

அரை மணித்தியாலத்துக்கும் கூடவே இருத்தி வைத்துத்தான் விட்டார்கள். அந்தத் தம்பி அதற்குள் மேசைக்குப் போய்விட்டார், தேங்கிப்போன வரிசை அவரைத் திட்டிக்கொண்டிருந்தது. வெளிக்கிடும்போதுதான் கேட்டேன், எங்கே படித்தீர்கள் என்று. கல்லடியில், சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில், சித்திரம் என்றார். "படிச்சதுக்கு இண்டைக்குத்தான் வேலை கிடைச்சிருக்கி அக்கா" என்று சிரித்தார். நாலு கிழமை கழித்து நேற்று இரண்டாவது ஊசிக்குப் போனபோது அவர் அங்கே இல்லை. வேறு பகுதிக்கு மாற்றிவிட்டார்களாம். அக்கா வாசலிலிருந்தே தேடினா, உள்ளங்கையில் வெண்கட்டித் தூள் தட்டுகிற மாதிரிக் காட்டி, எங்கே என்று கேட்டா. ஆனால் ஓடவில்லை. தானே போய் வரிசையில் நின்றா.

தம்பி, உங்கள் பெயரைப் போட எனக்கு ஆசைதான். அனுமதி கேட்காமல் போடவில்லை.

ஒன்று சொல்லவேண்டும் போல் இருக்கிறது. யாருக்கு ஆபத்துக் கூட என்று எல்லாருக்கும் மனப்பாடம்: 60 வயது தாண்டினவர்கள், சீனி, பிறஷர், சிறுநீரகம், தொய்வு. காது கேளாதது அந்தப் பட்டியலில் இல்லை, கிருமிக்குக் காதைப் பற்றிக் கவலையும் இல்லை. ஆனால் இந்த ஒன்றரை வருசமும் உயிர் காக்கிற செய்தி எல்லாம் காது வழியாகத்தான் வந்தது. ஓட்டோ ஒலிபெருக்கி, கோயிலிலும் பள்ளிவாசலிலும் அறிவித்தல், வரிசையில் பெயர் கூப்பிடுதல், 1990. தொலைக்காட்சி மூலையில் சைகை மொழி காட்டுகிறார்கள்தான், நல்ல விசயம். அதைப் படிக்க வாய்ப்பில்லாமல் வளர்ந்த என் அக்கா மாதிரி ஆட்களுக்கு அதுவும் சிங்களம் மாதிரித்தான். கண் தெரியாதவர்களுக்கும், சக்கர நாற்காலியில் இருக்கிறவர்களுக்கும் இதே மாதிரி வேறு வேறு கதை இருக்கும். 2012 குடிசன மதிப்பீட்டில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 8.7 வீதம் பேருக்கு ஏதோ ஒரு இயலாமை என்று பதிவாகியிருக்கிறது, கிட்டத்தட்ட 16 இலட்சம் பேர். சண்டையும் சுனாமியும் கடந்த எங்கள் பக்கத்தில் இவர்கள் இல்லாத ஒழுங்கை எது? இவர்களுக்காக 1996 இலேயே ஒரு சட்டம் வந்தது, 28ஆம் இலக்கம். சட்டம் இருக்கட்டும். எங்களுக்கு அன்று கைகொடுத்தது பள்ளிக்கூடத்தில் சும்மா கிடந்த பலகையும், வரிசை ஏசினாலும் பரவாயில்லை என்று எழும்பி வந்த ஒரு பொடியனும்தான்.

அதனால் நான் ஒரு வேலை தொடங்கியிருக்கிறேன். பாலர் பாடசாலை ரீச்சர், பிரிஸ்டல் போர்டுக்கும் கலர்ப் பென்சிலுக்கும் வீட்டில் பஞ்சமில்லை. தம்பி கீறிய வரிசையிலேயே படம் கீறி, அதோடு நெஞ்சு நோ, மூச்சு முட்டு, வயிற்றில் பிள்ளை, மருந்து ஒத்துக்கொள்ளாது, எத்தனை நாளாக என்று ஒவ்வொரு அட்டை. விரலால் தொட்டுக் காட்டினால் போதும். என் படம் அவ்வளவு திறமில்லை, நான் கீறிய டொக்டரைப் பார்த்து அக்கா பொலிஸ்காரர் என்று காட்டினா. திருத்துவது அவதான். முதல் தொகுதியைக் கிளினிக்கில் தொங்கவிட மிட்வைஃப் மிஸ் சம்மதித்துவிட்டா. அம்மாவுக்கு இன்னும் ஊசி போடவில்லை, குணமாகிக் கொஞ்சக் காலம் போகட்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் போகிற நேரம் இரண்டாவது தொகுதியைக் கொண்டுபோய்க் கொடுப்போம். உங்கள் வீட்டிலும் காது கேளாத ஆள் இருந்தால், ஊசி என்பதற்கும் காய்ச்சல் என்பதற்கும் அவர் என்ன சைகை காட்டுகிறார் என்று எனக்கு அறியத்தாருங்கள். சேர்த்துக் கீறலாம்.

தம்பி, எந்தப் பிரதேச செயலகத்தில் இருந்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை குருக்கள்மடத்தால் பாதை ஏறி இந்தப் பக்கம் வாருங்கள். எருமைத் தயிர் ஒரு சட்டி உங்களுக்கென்று சொல்லி வைத்திருக்கிறோம். ஒபிசுக்கு அனுப்பலாம் என்றுதான் முதலில் யோசித்தேன், இலஞ்சம் என்று யாராவது எழுதிவிடுவார்கள் என்று அம்மா வேண்டாம் என்றுவிட்டா.

நன்றியுடன்,
படுவான்கரையிலிருந்து
அக்காவும் அம்மாவும் நானும்