செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், மூத்தவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம் கால்பந்து கிளப்பின் நிர்வாகக் குழு எட்டு முறை கூடியது. பொங்கலுக்குச் சிறுவர்களுக்கான ஐவர் கால்பந்துப் போட்டி நடந்தது. மே மாதம் கோடைப் பயிற்சி முகாம் நடந்தது. சென்னையின் எஃப்சி ஆட்டம் பார்க்க நேரு ஸ்டேடியத்துக்கு இரண்டு முறை வேன் வைத்துப் போய் வந்தோம்.

ஸ்பான்சர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஜெர்சி, பூட்ஸ், லீக் நுழைவுக் கட்டணம் மூன்றையும் ஏற்றுக்கொள்ள ஓர் இட்லி மாவு கம்பெனி முன்வந்தது. குழு ஒப்புக்கொண்டது. ஆனால் ஜெர்சி வந்த அன்றே, "நெஞ்சில் இட்லித் தட்டு போட்டுக்கொண்டு வியாசர்பாடிப் பையன் ஆடுவதா?" என்று டீக்கடையில் பேச்சு கிளம்பிவிட்டது. முதல் மேட்சில் எதிர்த் தரப்புக் கூட்டம் "மாவு, மாவு" என்று கத்தியது. இடைவேளையில் நம் கோல்கீப்பர் என்னிடம் வந்து, "அண்ணா, பனியனை உள்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கட்டுமா?" என்று கேட்டான். எனக்கு மனசு கேட்கவில்லை.

அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். 1987இல் மாரடோனா தான் ஆடிய நாபோலி கிளப்புக்கு முதல் இத்தாலி லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தபோது அவர் நெஞ்சில் இருந்தது புய்டோனி என்ற பாஸ்தா கம்பெனியின் பெயர். 1990இல் இரண்டாவது பட்டம். அப்போது மார்ஸ் சாக்லேட். நம் தெருமுனைச் சுவரில் அவர் படத்தை வரைந்து வைத்திருக்கிறோம். சாப்பாட்டுக் கம்பெனி பெயரால் அவர் ஆட்டம் குறைந்துவிடவில்லை.

பயப்பட வேண்டிய விஷயம் வேறு. 2005இல் ரெட் புல் என்ற பானக் கம்பெனி வாங்கியதும் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் கிளப்பின் ஊதா வெள்ளை நிறமே போய்விட்டது. பழைய ரசிகர்கள் பிரிந்துபோய்ப் பழைய பெயரிலேயே வேறு கிளப் தொடங்கி, அடிமட்ட டிவிஷனிலிருந்து ஏறி வர வேண்டியதாயிற்று. கொல்கத்தாவில் மோகன் பகான் கிளப்பின் பெயருக்கு முன்னால், 2020இல் ஏடிகே என்ற இன்னொரு கிளப்போடு இணைத்தபோது ஒட்டிய அந்த மூன்றெழுத்தை எடுக்க வைக்க ரசிகர்கள் 2023 வரை போராடினார்கள். நம் கம்பெனியும் டீம் பெயருக்கு முன்னால் தன் பெயரைக் கேட்டது, ஜெர்சியின் நீலத்தைப் பச்சையாக்கவும் கேட்டது. மூன்று முறை நேரில் போனேன். ஒருநாள் காலை பத்து மணிக்குப் போனவனை மாலை நான்கு மணிக்குத்தான் கூப்பிட்டார்கள். பெயரும் நிறமும் மாறாது என்று ஒப்பந்தத்தில் என் கையாலேயே எழுதி, கையெழுத்து வாங்கி வந்தேன். பெயர் நெஞ்சில் ஒரு சாண் அகலத்துக்கு மேல் போகாது என்பதையும் சேர்த்தேன்.

மானம் போய்விட்டது என்று பேசியவர்களில் பலருடைய பக்கம் சந்தா நோட்டில் போன தீபாவளியிலிருந்து காலியாகக் கிடக்கிறது. பெயர் சொல்ல விரும்பவில்லை. 71 உறுப்பினர்களில் முழுச் சந்தா கட்டியவர்கள் 29 பேர். மாதம் நூறு ரூபாய் எல்லோரும் கட்டியிருந்தால், நான் யார் வாசலிலும் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

கணக்கைப் பொருளாளர் தணிக்கைக்குக் கொடுத்திருக்கிறார். வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி, கையிருப்பு சொற்பம். மைதானத்தைத் திறந்துவிடும் வாட்ச்மேன் அண்ணனுக்கும், ஜெர்சி துவைத்துக் கொடுக்கும் அம்மாக்களுக்கும் நன்றி.

ஒப்பந்தம் ஜூலையோடு முடிகிறது. மேட்சுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று கம்பெனிக்காரர்கள் இப்போதே கேட்கிறார்கள். நம் ஆட்கள் கூட்டமாக நின்றால்தான் அடுத்த முறையும் நீலத்தைக் காப்பாற்ற முடியும். சந்தா நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. மாலை ஏழு மணிக்கு மேல் வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
செயலாளர்