விறகு பிளக்க ஒரு கத்தி: தாண்டிக்குடி நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

வணக்கம். தாண்டிக்குடி மலையில் வீட்டு வேலை முடிந்து, பால் காய்ச்சிக் குடிபுகுந்துவிட்டதாக நீ எழுதியதைப் படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. மதுரையில் வெயிலுக்குக் குறைவில்லை. மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். ஆகவே ஆவணி வரை என்னால் ஊரைவிட்டு நகர முடியாது. மற்ற செய்திகளை நேரில் பேசிக்கொள்வோம். நீ பாதிக் கடிதத்தைச் செலவழித்துக் கேட்டிருக்கும் கேள்விக்கே வந்துவிடுகிறேன்.

வெந்நீர் அடுப்புக்கு விறகு பிளக்க வேண்டும், காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களின் கிளைகளைக் கழிக்க வேண்டும், வேலியோரம் மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடியைச் சாய்க்க வேண்டும், இவை அனைத்துக்கும் ஒரே பெரிய கத்தி போதுமா, எதை வாங்கலாம் என்று கேட்கிறாய். கோடாலி ஓங்கத் தோள் ஒத்துழைக்கவில்லை என்கிறாய். போதும் என்பதே என் பதில். ஆனால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

வெட்டுவதும் பிளப்பதும் ஒரே வேலையல்ல. வெட்டும்போது அலகு மரத்தின் இழைகளைக் குறுக்கே அறுக்கிறது. அதற்கு வெட்டும் ஓரமான வாய் மெல்லியதாகவும், எடை நுனிப்பக்கம் சற்றுக் கூடுதலாகவும் இருந்தால் நல்லது. பிளக்கும்போதோ அதே அலகு ஆப்பாக மாறி, இழைகளுக்கு நடுவே இறங்கி அவற்றை இருபுறமும் தள்ளுகிறது. அதற்கு முதுகு தடித்தும், வாய் நேராகவும், பிடிக்குள் இருக்கும் காம்பு உறுதியாகவும் இருந்தாக வேண்டும். கொஞ்சம் கனமும் கூர்மையும் இருந்தால் எந்தக் கத்தியும் கிளையை வெட்டிவிடும். பிளக்கக் கொடுத்தால்தான் அதன் யோக்கியதை தெரியும். ஆகவே பிளப்பதையே அளவுகோலாக வைத்துக்கொள். அதில் தேறும் கத்தி வெட்டுவதில் கொஞ்சம் பின்தங்கினாலும் பாதகமில்லை.

கத்தியால் பிளப்பது என்றால் ஓங்கி இறக்குவது அல்ல. விறகுக் கட்டையை ஓர் அடிக்கட்டையின் மேல் செங்குத்தாக நிறுத்தி, கத்தியின் வாயை அதன் தலையில் பதித்து, முதுகில் கொட்டாப்புளியால், அதாவது மரச் சுத்தியலால் தட்ட வேண்டும். இரண்டு மூன்று தட்டில் அலகு மரத்துக்குள் முழுகிவிடும். அதன்பின் மறுபக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியில்தான் தட்ட இடம் இருக்கும். இதிலிருந்தே கத்தியின் நீளம் தீர்மானமாகிறது: கட்டையின் குறுக்களவைவிட அலகு குறைந்தது 3 அங்குலமாவது கூடுதலாக இருக்க வேண்டும். 10 அங்குல அலகு 6 அல்லது 7 அங்குலக் கட்டையைப் பிளக்கும். அதற்கு மேற்பட்ட அடிமரத்தைக் கூலி கொடுத்துக் கோடாலிக்காரரிடம் விட்டுவிடு. இரும்புச் சுத்தியலால் மட்டும் தட்டாதே. முதுகு நசுங்கிப் பிசிறு எழும், அந்தப் பிசிறு தெறித்துக் கண்ணில் படவும் கூடும். கருவேலம் அல்லது கொய்யாக் கட்டையில் செய்த கொட்டாப்புளி போதும்.

மரத்தையும் கவனி. நேராக வளர்ந்த சில்வர் ஓக் துண்டு எளிதாகப் பிளந்து கொடுக்கும். தைலமரத்தைப் பச்சையிலேயே பிளந்துவிட வேண்டும். காய்ந்தால் இழை முறுக்கிக்கொண்டு அலகைக் கவ்விப் பிடிக்கும். கணு உள்ள துண்டை நடுவில் பிளக்க முயலாமல், கணுவை ஒரு பக்கமாக ஒதுக்கி ஓரத்திலிருந்து சிராய் சிராயாக எடு.

இனி நீ படம் அனுப்பியிருந்த கத்திகளுக்கு வருகிறேன்.

தென்னமெரிக்க நாடுகளில் கரும்புக்கும் புதருக்கும் பயன்படும் மச்சேத்தி நீளமானது, ஆனால் அதன் தகடு பெரும்பாலும் 2 அல்லது 3 மில்லிமீட்டர்தான். உண்ணிச்செடிக்கு அதைவிடச் சிறந்தது கிடையாது. கை ஓயாமல் வீசலாம், மழுங்கினால் அரத்தால் நாலு இழுப்பு இழுத்துக்கொள்ளலாம். விறகில் வைத்துத் தட்டினாலோ தகடு வளையும், மரத்தில் மாட்டிக்கொண்டு வெளியே வராது.

வளைந்த அலகுடைய குக்ரியின் மேல் உனக்கு ஆசை இருப்பது எழுத்திலேயே தெரிகிறது. நேபாளத்துக் கொல்லர்கள் பழைய வண்டிகளின் ஸ்பிரிங் பட்டையை அடித்துத்தான் இன்றும் அதைச் செய்கிறார்கள். அதில் நான் மிகவும் ரசிப்பது தோய்ச்சல் போடும் முறை. பழுக்கக் காய்ச்சிய அலகை முழுவதுமாக நீரில் அமிழ்த்தாமல், கெண்டியிலிருந்து தண்ணீரை வாயின் ஓரமாக மட்டும் ஊற்றுவார்கள். வாய் கடினமாகிறது, முதுகு மெதுவாக ஆறுவதால் மென்மையாகவும் முறியாததாகவும் நிற்கிறது. அடி தாங்க வேண்டிய கத்திக்கு இதைவிடப் பொருத்தமான பக்குவம் வேறில்லை. முதுகு 8 முதல் 10 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். வளைவுக்கு அப்பால் வயிறு பெருத்திருப்பதால் வெட்டு ஆழமாக இறங்கும். கிளை கழிப்பதில் அதை மிஞ்சும் கத்தி இந்த அளவில் இல்லை என்றே சொல்வேன். ஆனால் அந்த வளைவே பிளக்கும்போது இடைஞ்சலாகிறது. வயிறு மட்டும் மரத்தில் பதிய, நுனி கீழ்நோக்கிச் சாய்ந்து நிற்பதால், கொட்டாப்புளி அடி நேராக விழாமல் சறுக்குகிறது. பிடி மேலே எம்புகிறது. வழக்கமான குக்ரியில் பிடியின் நடுவே வரும் வளையம் உள்ளங்கையை அறுப்பதும் உண்டு. உன் வேலையில் முக்கால்வாசி கிளை கழிப்பது என்றால் யோசிக்காமல் குக்ரியை வாங்கு என்று சொல்லியிருப்பேன். உனக்கு முக்கால்வாசி அடுப்பு விறகு.

மலேசியத் தோட்டங்களில் நம்மவர்கள் தலைமுறைகளாகக் கையாண்ட பாராங் கத்தி உனக்கு ஏறக்குறையப் பொருந்தும். வாய் கிட்டத்தட்ட நேர், எடை நுனிப்பக்கம். நல்லதாக ஒன்று இங்கே கிடைப்பதுதான் அரிது. அமெரிக்கக் காபார் நிறுவனத்தின் பெக்கர் பிகே9 கத்தி பிளப்பதற்கென்றே பிறந்தது எனலாம்: அலகு 9 அங்குலத்தைச் சற்றுத் தாண்டும், முதுகு சுமார் 5 மில்லிமீட்டர், எஃகு பிடியின் கடைசி வரை ஒரே துண்டாக ஓடுகிறது. இருந்தாலும் வெட்டும்போது நுனியில் கனம் போதவில்லை. வரவழைக்கும் செலவும் சுங்கமும் சேர்ந்தால் அந்தப் பணத்தில் நம் ஊர்ப் பட்டறையில் பல கத்திகள் அடித்துவிடலாம். முதுகில் ரம்பப் பல்லும் உள்ளீடற்ற பிடியும் வைத்துப் பளபளவென்று விற்கிறார்களே, அந்த ஸ்டெயின்லெஸ் கத்திகளைத் தொடவே தொடாதே. ரம்பப் பல் கொட்டாப்புளியைத் தின்னும். பிடி முதல் வாரத்திலேயே கையோடு வந்துவிடும்.

ஆகவே என் யோசனை திருப்பாச்சேத்திதான். மதுரையிலிருந்து மானாமதுரை போகும் வழியில் இருக்கும் அந்த ஊர் அரிவாளுக்குப் பேர் போனது உனக்குத் தெரியும். ஆனால் அங்கே அடுக்கி வைத்திருக்கும் அரிவாள்களில் ஒன்றை எடுத்து வந்துவிடாதே. நுனி வளைந்த அரிவாளில் குக்ரிக்குச் சொன்ன அதே தொல்லை இன்னும் கூடுதலாக உண்டு. நாம் அளவு சொல்லி அடிக்கச் சொல்வோம். அலகு 11 அங்குலம். அகலம் இரண்டே கால். முதுகு பிடியருகே 6 மில்லிமீட்டர், நுனி நோக்கிச் செல்லச் செல்ல 4. வாய் முக்கால் பங்கு நேராகவும், நுனிப்பக்கம் மட்டும் இலேசாக வயிறு வைத்தும் இருக்கட்டும். விரல் மேல் வைத்து நிறுத்திப் பார்த்தால் பிடிக்கு முன்னே 2 அல்லது 3 அங்குலத்தில் சமன் நிற்க வேண்டும். அதற்கு மேல் முன்னே போனால் மணிக்கட்டு மாலையில் வலிக்கும். மொத்த எடை 700 கிராமைத் தாண்ட வேண்டாம்.

எஃகைப் பொறுத்தவரை ஸ்பிரிங் பட்டையே போதும். நம் லாரிகளின் பட்டைகளில் பெரும்பாலும் சிலிக்கானும் மாங்கனீசும் கலந்த எஃகு. அதில் கரியின் (கார்பன்) அளவு அரை விழுக்காட்டை ஒட்டியது. சமையற்கத்திக்கு அது கொஞ்சம் குறைவு, அடி வாங்கும் கத்திக்கு அதுவே சரியான அளவு. கரி ஏற ஏறக் கூர் நிற்கும், கூடவே சில்லு பெயரும் அபாயமும் ஏறும். ஆனால் வண்டியில் உழைத்துத் தேய்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். அதனால் அதிகம் உழைக்காத பட்டையாகக் கேட்டு வாங்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த விரிசல் ஒருநாள் கொட்டாப்புளி அடியில் முழு முறிவாகத் திறந்துகொள்ளும்.

தோய்ச்சல் சரியாக அமைந்ததா என்று பார்க்க ஆசாரியின் சொல்லை மட்டும் நம்ப வேண்டியதில்லை. ஒரு அரத்தைச் சட்டைப்பையில் கொண்டு போனால் போதும். வாயின் ஓரத்தில் அரத்தை வைத்து இலேசாக இழுக்க வேண்டும். கண்ணாடியில் இழுத்ததுபோல வழுக்கிப் போனால், தோய்ச்சலுக்குப் பின் மறுபடி இளஞ்சூடு காட்டிப் பதம் இறக்கவில்லை என்று பொருள், வாய் அளவுக்கு மீறிக் கடினம், கணுவில் பட்டதும் பிறை வடிவில் சில்லு பெயர்ந்துவிடும். அரம் தாராளமாகக் கடித்துப் பொடியைக் குவித்தால் எஃகு மென்மை, வாய் மடங்கிவிடும். கொஞ்சம் எதிர்த்து, கையில் ஒரு சுரசுரப்பு தெரியக் கடித்தால் அதுதான் நமக்கு வேண்டியது. அலகு நெடுகிலும் மூன்று நான்கு இடங்களில் இப்படிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் உலையில் ஒரே சூடு எல்லா இடத்திலும் ஏறுவதில்லை.

அடுத்தது காம்பு. கத்தி முறிந்தால் பெரும்பாலும் அலகும் காம்பும் சேரும் தோளில்தான் முறியும். அந்த மூலையைச் சதுரமாக வெட்டிவிடாமல் உருண்டையாக விடச் சொல்ல வேண்டும். சதுர மூலையில்தான் அடியின் வேகம் முழுவதும் குவிந்து விரிசல் பிறக்கிறது. காம்பைச் சூடாக்கிப் பிடிக்குள் இறக்கிப் பூண் போடும் வழக்கம் வெட்டுவதற்குப் போதும். பிளக்கும் கத்திக்கு, பிடியின் நீளம் முழுவதும் ஓடும் பட்டைக் காம்பு வைத்து, இருபுறமும் நாட்டுக் கருவேலத் துண்டுகளை ஆணியடித்துப் பொருத்துவதே என் விருப்பம். தாண்டிக்குடியின் பனியிலும் கோடையிலும் மரம் உப்பிச் சுருங்கினாலும் இந்தப் பிடி கழன்று போகாது. பிடியின் கடைசி சற்றுப் பருத்துக் கீழே வளைந்திருந்தால் ஈரக் கையிலும் நழுவாது. இன்னொன்று: நீ இடக்கைக்காரன். ஒரு பக்கம் மட்டும் சரிவு வைத்துச் சாணை பிடித்தால் வலக்கைக்காரருக்குச் சாதகமான பக்கமாகவே அது அமையும், உன் கையில் வெட்டு விலகி ஓடும். இருபுறமும் சம சரிவு, ஒவ்வொரு பக்கமும் 20 பாகையை ஒட்டி, இலேசாகப் புடைத்த வாய் என்று அழுத்திச் சொல்ல வேண்டும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உன் மருமகன் கேட்பார். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள வாள், குத்துவாள், கத்தி முதலியவற்றை ஆயுதப் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. குக்ரியைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. வீட்டு உபயோகம், விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென வடிவமைத்தவற்றுக்கு விலக்கு உண்டு. நாம் அடிக்கச் சொல்வது விவசாயக் கருவிதான். ஆனாலும் அதைப் பேருந்தில் கையில் ஏந்திக்கொண்டு போனால் யாரும் விதியைப் படித்துப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். 2021-இல் காவல்துறை அறிவுறுத்திய பிறகு பட்டறைகளில் வாங்குபவரின் பெயரையும் முகவரியையும் குறித்துக்கொள்வதும் உண்டு. தயங்காமல் கொடுத்து, ரசீது வாங்கி, சாக்கில் சுற்றிக் காரின் பின்பெட்டியில் வைத்துக்கொண்டு போக வேண்டும்.

பராமரிப்பு பெரிய வித்தையல்ல. இது துருப்பிடிக்கும் எஃகு. உன் ஊர் மூடுபனியில் ஒரே இரவில் செம்பொடி பூத்துவிடும். வேலை முடிந்ததும் மரப்பாலைத் துடைத்து, தையல் இயந்திர எண்ணெயை மெல்லிசாகத் தடவி வை. தோலுறையில் மாதக்கணக்கில் வைக்காதே, தோல் ஈரத்தை வாங்கி அலகுக்குக் கொடுக்கும்; உறை பயணத்துக்கு மட்டும்.

ஆவணி பிறந்ததும் நான் திருப்பாச்சேத்திக்குப் போய் வருகிறேன். அதற்குள் நீ மூடிய இடக்கையின் அகலத்தையும், அடுப்பு வாய் எத்தனை அங்குலக் கட்டையை ஏற்கும் என்பதையும் அளந்து எழுது. பிடியின் நீளம் முதலாவதைப் பொறுத்தது. இரண்டாவது 5 அங்குலத்துக்குள் அடங்கினால் அலகை 11-இலிருந்து 9 ஆக்கிவிடலாம். உன் தோளுக்கும் அது நல்லது.

அன்புடன்,
உன் பழைய விடுதி அறைத்தோழன்