அண்ணனுக்கு, சனிக்கிழமைக்கு முன்

அண்ணே,

வருகிற சனிக்கிழமை மகளை மான் வேட்டைக்கு, மரத்தில் நாம் கட்டிய ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போகிறேன். அதில் உங்கள் பக்கம் அவள் உட்காரப் போகிறாள். இதை வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். பொதுவில் ஏன் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். நான் கூப்பிட்டால் நீங்கள் போன் எடுப்பதில்லை. ஆனால் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள் என்று மதினி ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டார். அவரைத் திட்டாதீர்கள்.

அவளுக்கு 30 பவுண்டு இழுவிசை உள்ள வில்லை இழுக்க இந்தக் கோடையில்தான் கை வந்தது. அதற்குக் குறைந்த வில்லோடு இந்த அமெரிக்க விஸ்கான்சினில் மானுக்குப் போக முடியாது என்பதால் ஒரு வருடம் காத்திருந்தாள். நானாகச் சேர்த்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள், அவளே கேட்டாள். பழகுபவர் பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில், பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. அதற்கு நம் ஸ்டாண்ட்தான் சரி. ஆளுக்கொரு ஒற்றை ஸ்டாண்ட் வாங்கலாமே என்று அன்று நான் கேட்டதற்கு, "பேச்சுத் துணை வேணும்ல தம்பி" என்று சொல்லி இரண்டு பேர் உட்காரும் ஏணி ஸ்டாண்டை வாங்க வைத்தீர்கள். மேலே ஏறிய பிறகு ஒரு வார்த்தை பேச விட்டதில்லை.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். வேட்டை என்ற சொல்லைப் பார்த்ததுமே சிலர் மூடிவிட்டுப் போயிருப்பீர்கள். 1972 சட்டத்துக்குப் பிறகு வளர்ந்த நமக்கெல்லாம் மான் வேட்டை என்றால் வனத்துறையும் ஜாமீனும்தான் ஞாபகம் வரும். இங்கே அது உரிமச்சீட்டும் பருவமும் உள்ள காரியம், செப்டம்பர் நடுவில் வில்லுக்குத் திறந்து ஜனவரி முதல் வாரம்வரை போகும். சரியா தவறா என்ற வழக்கை இன்னொரு நாள் பேசலாம். இன்று எனக்கு அண்ணனோடு வேலை இருக்கிறது.

நாம் சேர்ந்து மானுக்குப் போன அந்தக் காலையைச் சொல்லாமல் இதை எழுத முடியவில்லை, அண்ணே.

18 டிகிரி ஃபாரன்ஹீட். ஊர்க் கணக்கில் மைனஸ் 8. நெடுஞ்சாலை 14-ல் இருட்டிலேயே போனோம். வழியில் காபி வாங்க நீங்கள் வண்டியை நிறுத்தவில்லை, மூச்சில் வாசனை இருக்கும் என்றீர்கள். என் வேட்டைச் சட்டையை வீட்டுக்குள் வைக்கவே தடை. தாளிப்பு வாசம் ஏறிவிடும் என்று ஓக் இலைகளைப் போட்டு கராஜில் டப்பாவில் மூடி வைத்திருந்தீர்கள். முந்தின இரவு ரசம்கூட வைக்க வேண்டாம் என்று என் வீட்டுக்காரிக்கு உத்தரவு போட்டீர்கள். அவள் வேண்டுமென்றே வைத்தாள்.

ஏறியது நினைவிருக்கிறதா? முதலில் நீங்கள், பின்னால் நான், உயிர்க்கயிற்றில், விழாமல் தாங்கும் ஹார்னஸைக் கோர்த்து, கையுறைக்குள் விரல் இருக்கிறதா என்றே தெரியாமல். உட்கார்ந்த பிறகு கயிற்றில் வில்லை மேலே இழுத்தோம். சூரியன் உதிக்க அரை மணி நேரத்துக்கு முன்புதான் வேட்டை நேரம் தொடங்கும். நாம் அதற்கும் வெகு முன்பே போய் இருட்டில் விறைத்துக்கொண்டிருந்தோம். உங்கள் தாத்தா சோளக்காட்டில் பரண் போட்டுப் பன்றிக்குக் காவல் இருந்ததை வண்டியில் சொல்லி வந்தீர்கள். அங்கே குளிருக்குப் போர்த்த ஒரு துப்பட்டி போதுமாம். இங்கே நான்கு அடுக்குச் சட்டைக்கு மேலேயும் பல் அடித்தது.

அந்தப் பக்கத்து மலைச்சரிவுகளைப் பனியாறுகள் தேய்க்கவில்லை என்பதால் மேடும் பள்ளமுமாக அப்படியே இருக்கிறது. அதனால்தான் காற்று பற்றி அவ்வளவு பிடிவாதம் உங்களுக்கு. விடியும் நேரத்தில் குளிர்ந்த காற்று சரிவில் கீழே இறங்கும், வெயில் பட்டதும் மேலே ஏறும். கீழே சோளக்காட்டிலிருந்து வரும் மான் அதுவரை நம்மை மோந்துவிடும், வெயில் வந்த பிறகுதான் நமக்குக் காலம் என்று நீங்கள் சொன்னபோது நான் நம்பவில்லை. சருகில் சத்தம் கேட்டபோதெல்லாம் மூச்சை நிறுத்தினேன். எல்லாம் அணில். மான் நடக்கிற மாதிரியே நடக்கிறது அந்தச் சனியன்.

எதிர்ச்சரிவில் வெயில் இறங்கி நம் பக்கம் வந்து கொஞ்ச நேரம் இருக்கும். முதலில் எனக்குத் தெரிந்தது ஒரு காது. அப்புறம்தான் காதுக்குப் பின்னால் முழு மானும் இருந்தது. பெட்டை. கொழுத்து, மினுமினுவென்று, குறை சொல்ல ஒன்றுமில்லாத உடம்பு. முறை உங்களுடையது. வில்லும் உங்கள் மடியில்தான் இருந்தது. நான் உங்களைப் பார்க்கக்கூடத் திரும்பவில்லை. நீங்கள் என் முழங்காலை இரண்டு தட்டு தட்டிவிட்டு, உங்கள் வில்லை மெதுவாகப் பின்னுக்கு இறக்கினீர்கள்.

யாரும் எனக்கு அப்படி எதையும் விட்டுக்கொடுத்ததில்லை, அண்ணே. சொந்த அண்ணன்கள் உட்பட.

அது ஓக் மரத்துக்குப் பின்னால் தலையை மறைத்தபோது இழுத்தேன். முன்கால் முன்னே போகட்டும், முன்னே போகட்டும் என்று நீங்கள் நூறு தடவை சொல்லிக்கொடுத்தது காதில் ஓடியது. 20 கஜம். விட்டேன். நாண் சத்தத்தைவிட அம்பு தைத்த சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. அது ஓடி மறைந்த பிறகு என் கால் இரண்டும் உதற ஆரம்பித்தன. எழுந்திருக்காதே என்று தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டீர்கள். அரை மணி நேரம் அப்படியே. உடனே இறங்கித் துரத்தினால் அடிபட்டது எழுந்து இன்னும் தூரம் ஓடும், வலியோடு ஓடும் என்று காதோடு சொன்னீர்கள். அந்த அரை மணி நேரம் உங்கள் கை என் தோளைவிட்டு எடுக்கவில்லை.

சருகில் ரத்தம் வெளிர் சிவப்பாக, நுரையோடு இருந்தது. நுரையீரல், நல்லது, கஷ்டப்படவில்லை என்றீர்கள். ரொம்ப தூரம் போகவில்லை. நீங்கள் மண்டி போட்டு அதன் கழுத்தில் கை வைத்து, "மன்னிச்சுக்க தாயி" என்றீர்கள். இதை இங்கே எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன். உங்களைப் பற்றி வேறு மாதிரி பேசுகிறவர்களுக்கு இதுவும் தெரியட்டும்.

அந்த மனுஷன்தான் பத்துப் பதினைந்து நாள் பொறுக்க மாட்டேன் என்றார்!

அரை மணி நேரம் என்னைப் பிடித்து உட்கார வைக்கத் தெரிந்தது. அந்த மானுக்கு சி.டபிள்யூ.டி. என்ற மான் நோய் இருக்கிறதா என்ற சோதனை முடிவு வரும்வரை ஃப்ரீசரை மூடி வைக்கத் தெரியவில்லை. தலையை, கழுத்துத் துண்டோடு சேர்த்து, பையில் கட்டி, படிவம் எழுதி, சோதனைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தவன் நான். தொண்டைக்குப் பின்னால் இருக்கும் நிணநீர் முடிச்சில்தான் பார்ப்பார்கள் என்று நான் விளக்கியபோது, "நீ ஆபீசர் மாதிரி பேசாதே" என்றீர்கள். இவ்வளவு ஆரோக்கியமான மானுக்கு என்ன நோய் என்றீர்கள். ஒன்றரை வருடம், அதற்கு மேலும்கூட வெளியே ஒன்றும் தெரியாமல் இருக்கும் நோய் அது. இளைத்து, எச்சில் ஒழுகித் தள்ளாடும் மான் படம் எல்லாம் கடைசிக் கட்டம். தலைநகர் மேடிசனுக்கு மேற்கே, மவுண்ட் ஹோரெப் பக்கம் வேட்டையான மான்களில் அதை 2002 பிப்ரவரியில் கண்டுபிடித்தார்கள். நாம் வேட்டையாடிய இடம் அங்கிருந்து தள்ளி ஒன்றும் இல்லை. தீவனம் போட்டு மானைக் கூட்டுவதற்குத் தடை இருப்பதே இந்த சி.டபிள்யூ.டி.யால்தான் என்பது உங்களுக்குத் தெரியாததா?

சரி, முடிவு வருமுன்பே அந்தக் கறியில் பிரியாணி வைத்து நீங்கள் விருந்து போட்ட சனிக்கிழமைக்கு வருகிறேன். வந்திருந்த குடும்பங்களைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். அவர்களும் படிக்கிறார்கள், பிள்ளைகளும் இப்போது பெரிய பிள்ளைகள். பின்னால் உங்கள் வாசலில் வந்து ஒருவர் பேசியது அதிகம் என்று மட்டும் பதிந்து வைக்கிறேன். அன்று நான் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்த்தது நியாயம். நான் வராததற்கும் காரணம் இருந்தது. அதை இங்கே சொல்ல முடியாது, வீட்டு விஷயம்.

வயிற்று வலி என்று சொல்லி அன்று நான் சாப்பிடாமல் இருந்தது பற்றி நீங்கள் கேட்டுவிட்டுப் போன கேள்விக்கு இதுவரை பதில் சொல்லவில்லை. சொல்கிறேன். ஆமாம், முடிவு வராததால்தான் தட்டைத் தொடவில்லை. சந்தேகம் இருந்தால் அங்கேயே ஏன் சொல்லவில்லை என்றால், நீங்கள் அடுப்புக்குப் பக்கத்தில் கரண்டியோடு நின்று, "தம்பி அடிச்ச மான், தம்பி அடிச்ச மான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். இருபது கஜம் என்பதை முப்பதாக்கிச் சொன்னீர்கள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? இதையே நியாயமாக வைத்துக்கொண்டு இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன். ஆனால் என் மகள் இரண்டாம் தடவை தட்டை நீட்டினாள், நீங்கள் நல்ல துண்டாகப் பார்த்துப் போட்டீர்கள், நான் எதிரே உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து உங்கள் மேல் எனக்கு வந்த கோபம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். அது முழுக்க உங்களுக்கு உரியதுதானா என்று கணக்குப் பார்க்க நான் தயாராக இல்லை. இப்போதும் இல்லை.

செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது. பாசிட்டிவ். அதை நேராகக் குழுவில் போட்டேன். முதலில் உங்களைக் கூப்பிட்டிருக்கலாம், அது உண்மை. கூப்பிட்டிருந்தால், "இப்ப சொல்லாதே, பொறு, பார்ப்போம்" என்று சொல்லியிருப்பீர்கள், அதுவும் உண்மைதானே? நான் கேட்டும் இருப்பேன். அதனால்தான் கூப்பிடவில்லை. சாப்பிட்டவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில் இன்றும் எனக்கு மாற்றம் இல்லை. ஆனால் அந்தச் செய்தியில் "கறி கொடுத்தவர்" என்று உங்களைக் குறித்தேன் பாருங்கள், "அடித்தவன் நான்" என்று எழுதவில்லை. உரிமச்சீட்டு என் பெயரில், அடித்த மானின் பதிவு என் பெயரில், மறுநாள் மாலை 5 மணிவரை அவகாசம் இருந்தும் அன்றைக்கே பெருமையாகப் பதிந்தவன் நான். செய்தி போடும்போது மட்டும் மான் உங்களுடையதாகிவிட்டது. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். அதற்கு மட்டும்.

பயந்து படிக்கிறவர்களுக்காக ஒன்று. மனிதருக்கு இந்த நோய் வந்ததாக உறுதியான நிகழ்வு இதுவரை ஒன்றுகூட இல்லை என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. தெரிந்த பிறகு அந்தக் கறியைச் சாப்பிட வேண்டாம் என்றும் அதே மையம்தான் சொல்கிறது. காரணி கிருமி இல்லை, மடிப்பு மாறிப்போன ஒரு புரதம். குக்கரில் எத்தனை விசில் வைத்தாலும் அழியாது. மகளுக்கு ஜுரம் வரும்போதெல்லாம் சம்பந்தமே இல்லை என்று தெரிந்தும் நான் இதைத்தான் நினைப்பேன். உங்களுக்கும் அப்படித்தான் என்று மதினி சொன்னார். அவள் எப்படி இருக்கிறாள் என்று வருடா வருடம் யாரையாவது விட்டு விசாரிக்கிறீர்களாமே. நேராகக் கேட்டால் என்ன குறைந்துவிடும்? நன்றாக இருக்கிறாள். உங்களைவிடப் பிடிவாதம். எதையும் சோதனை முடிவு வராமல் வாயில் வைப்பதில்லை என்று அவளே விதி போட்டிருக்கிறாள், அவளுக்கு எல்லாம் தெரியும். யார் சமைத்தது என்றும் தெரியும். உங்கள் பேரைச் சொல்லும்போது கோபமாகச் சொல்வதில்லை. அது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருக்கிறது.

போன வாரம் ஸ்டாண்டைச் சரிபார்க்கப் போனேன். மரத்தைச் சுற்றிக் கட்டிய பட்டைகள் மரப்பட்டைக்குள் இறங்கியிருந்தன, அறுத்துப் புதிதாகக் கட்டினேன். இருக்கைத் துணி உங்கள் பக்கம் கிழிந்திருந்தது, மாற்றிவிட்டேன். உங்களிடம் கேட்கவில்லை. பாதிப் பணம் உங்களுடையது என்பதால் கேட்டிருக்க வேண்டுமோ என்னவோ. கேட்டிருந்தாலும் போனை எடுத்திருக்க மாட்டீர்கள்.

அப்புறம், அன்று பிரியாணி வைத்த பெரிய அண்டா எங்களுடையது. மதினியிடம் கேட்க என் வீட்டுக்காரி கூச்சப்படுகிறாள். எனக்குக் கூச்சம் இல்லை. எவர்சில்வரில் அந்தப் புரதம் ஒட்டிக்கொள்ளும் என்று நீயே சொன்னாயே, இப்போது எதற்குக் கேட்கிறாய் என்பீர்கள். இருக்கட்டும், வீட்டில் ப்ளீச் இருக்கிறது. கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனாலும் சரி, மணி அடித்தாலும் சரி. சனிக்கிழமை மட்டும் வராதீர்கள், இருட்டிலேயே கிளம்பிவிடுவோம்.

உங்கள் தம்பி